பட்டறையில் சரிசெய்து தருவதாகச் சொன்னவரை நம்பிக் காப்பீட்டைக் கைவிட்டேன்

சிறிய விபத்துதானே, போலீஸ் எதற்கு, இன்சூரன்ஸ் எதற்கு, நமக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று மோதியவர் கேட்டுக்கொண்டால், உங்கள் வண்டியின் பம்பரைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன்பு அதற்குச் சம்மதிக்க வேண்டாம். அப்படிச் சம்மதித்ததால் எனக்கு 34,600 ரூபாய் கைப்பணம் போனது. எப்படிப் போனது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நான் ஏமாந்தது ஒரே இடத்தில் அல்ல.

சென்ற ஆண்டு செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தஞ்சாவூரில் உறவினர் வீட்டு வளைகாப்புக்குப் போய்விட்டுத் திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். துவாக்குடி, திருவெறும்பூர், அரியமங்கலம் எல்லாம் கடந்து பால்பண்ணை சந்திப்பில் எனக்கு முன்னால் பேருந்து நின்றதால் நானும் நிறுத்தினேன். பின்னால் வந்த கார் நிற்கவில்லை. சத்தம் பெரிதாக இருந்ததே தவிர, இறங்கிப் பார்த்தபோது பம்பரில் ஒரு விரிசலும் டிக்கிக் கதவின் கீழ் ஓரத்தில் ஒரு நெளிவும் மட்டுமே தெரிந்தன. யாருக்கும் அடி இல்லை. என் மகள் கைப்பேசியில் நான்கு படம் எடுத்தாள். அன்று எங்கள் குடும்பத்தில் யாராவது உருப்படியாக ஒன்றைச் செய்தோம் என்றால் அது அதுதான்.

மோதியவருக்கு நாற்பது வயதிருக்கும். சண்டை போடுகிற ஆளாகத் தெரியவில்லை. "தப்பு என் மேலதான் சார், நானே ஒத்துக்கிறேன். நீங்க இன்சூரன்ஸுக்குப் போனா உங்க போனஸ்தான் போகும். நம்ம பையன் ஒருத்தன் பட்டறை வெச்சிருக்கான், புதுசு மாதிரி பண்ணிக் கொடுத்திடுவான், ஒரு பைசா நீங்க கொடுக்க வேணாம்" என்றார். கோபத்தோடு இறங்கிய எனக்கு, அவர் உடனே தவறை ஒப்புக்கொண்டதும் பாதிக் கோபம் போய்விட்டது. போனஸ் என்று அவர் சொன்ன வார்த்தை மீதியையும் போக்கிவிட்டது.

காப்பீட்டுப் பிரீமியத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று மூன்றாம் நபருக்கானது, அதாவது நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கானது. அது சட்டப்படி கட்டாயம். மற்றொன்று நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கானது. நோ கிளெய்ம் போனஸ் என்கிற தள்ளுபடி இந்த இரண்டாம் பகுதிக்கு மட்டுமே பொருந்தும். ஓர் ஆண்டு கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் 20 விழுக்காடு, பிறகு 25, 35, 45 என்று ஏறி, ஐந்தாம் ஆண்டு முடிவில் 50 விழுக்காட்டில் நின்றுவிடும். நடுவில் ஒரு முறை கிளெய்ம் வாங்கினால் அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யம். நான் 45 விழுக்காட்டில் இருந்தேன், அடுத்தது 50. இத்தனை ஆண்டுகள் சேர்த்தது ஒரு விரிசலுக்காகப் போய்விடுமே என்ற பதைப்பு எனக்கு இருந்தது உண்மை. ஆனால் போனால் எத்தனை ரூபாய் போகும் என்று அந்த இடத்தில் நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் வண்டியை அவர் சொன்ன பட்டறையில் விட்டேன். சிறிய இடம், வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. எஸ்டிமேட் கேட்டபோது, "அண்ணன் பார்த்துக்குவார் சார்" என்றார்களே தவிர எழுதித் தரவில்லை. பணம் கொடுப்பவர் அவர், வேலை செய்பவர்கள் அவருடைய ஆட்கள், வண்டி மட்டும் என்னுடையது என்ற ஏற்பாட்டில், எவ்வளவு குறைவாகச் செய்து முடிக்கலாம் என்பதுதான் அங்கே எல்லோருடைய அக்கறையாகவும் இருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. ஏழாவது நாள் வண்டி தயாரென்று அழைத்தார்கள். பார்வைக்கு நன்றாகவே இருந்தது. வெயிலில் நிறுத்திப் பார்த்தபோது பம்பரின் வெள்ளைக்கும் வண்டியின் வெள்ளைக்கும் சின்ன வித்தியாசம் தெரிந்தது. போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். பிறகு ஒரு தாளை நீட்டினார்கள். வேலை முழுத் திருப்தியாக முடிந்தது, இந்த விபத்து தொடர்பாக இனி எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று நான் எழுதிக் கொடுப்பதாக அதில் இருந்தது. நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். நகல் வாங்கியதை அன்று என் சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

அக்டோபரில் மழை பிடித்ததும் டிக்கிக்குள் ஈர வாடை வந்தது. விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் ஸ்டெப்னி இருக்கும் குழியில் தண்ணீர் தேங்கியிருந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். அங்கே பம்பரைக் கழற்றி எனக்குக் காட்டினார்கள். விரிசல் விட்ட பிளாஸ்டிக்கைச் சூடு வைத்து ஒட்டி, மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதற்குள்ளே மோதலின் வேகத்தைத் தாங்க வேண்டிய இரும்புத் தாங்கி வளைந்திருந்ததை மாற்றாமல் சுத்தியலால் தட்டி நிமிர்த்தியிருந்தார்கள். பின் பேனலின் நெளிவை இழுத்துச் சரிசெய்யாமல் விரல் கனத்துக்குப் பட்டி பூசி மறைத்திருந்தார்கள். தண்ணீர் வராமல் அடைக்கும் பூச்சு பிளந்திருந்த இடத்தை யாரும் தொடவே இல்லை. மொத்த எஸ்டிமேட் 34,600 ரூபாய். அதில் ஏறக்குறைய 6,000 ரூபாய் முன்பு செய்த அரைகுறை வேலையைச் சுரண்டி எடுப்பதற்கே ஆகும் என்றார்கள். எனக்கு அதிகம் உறைத்தது பணமல்ல. இன்னொரு முறை பின்னாலிருந்து யாராவது மோதியிருந்தால், பின் இருக்கையில் உட்காரும் என் அம்மாவுக்கும் அந்த மோதலுக்கும் நடுவே தட்டி நிமிர்த்திய ஒரு தகரம்தான் இருந்திருக்கும்.

மோதியவரை அழைத்தேன். முதல் இரண்டு முறை பேசினார், பார்க்கலாம் என்றார். "கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டீங்களே சார்" என்று மூன்றாம் முறை சொன்னார். அதன் பிறகு எடுப்பதில்லை. என் மைத்துனர் சொல்லி, மோதியவருடைய வண்டி எண்ணை, வாகன விவரங்களைக் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பார்த்தேன். அவருடைய காப்பீடு விபத்துக்கு இரண்டு மாதம் முன்பே காலாவதியாகியிருந்தது. காப்பீடு இல்லாமல் வண்டி ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 196-ஆம் பிரிவின்படி குற்றம்; முதல் முறைக்கு 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். என் போனஸைப் பற்றி அவர் அவ்வளவு கரிசனப்பட்டதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. இதை அந்தச் சந்திப்பில் நின்றுகொண்டே அரை நிமிடத்தில் நான் பார்த்திருக்க முடியும்.

பிறகு என் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போனேன், விபத்து நடந்து முப்பத்தாறாம் நாள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தார். மரியாதையாகவே பேசினார். நடந்ததை மறைக்காமல் சொல்லி, கையில் இருந்த நகலையும் நானே காட்டினேன். இரண்டு வாரத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. அதில் மூன்று காரணங்கள் இருந்தன: உடனே தகவல் தரவில்லை, நிறுவனம் பார்வையிடும் முன்பே வண்டியில் வேலை செய்யப்பட்டதால் விபத்தின் சேதம் எது, பட்டறையின் சேதம் எது என்று பிரிக்க முடியவில்லை, மோதியவரிடமிருந்து தொகையை வசூலிக்க நிறுவனத்துக்கு இருக்கக்கூடிய உரிமையை நான் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்துவிட்டேன்.

முதல் காரணத்தை நான் எதிர்த்து எழுதினேன். தாமதத்தை மட்டுமே காரணம் காட்டி உண்மையான கிளெய்ம்களை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனால் மற்ற இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. பாலிசிப் பத்திரத்தை அன்றுதான் முதல் முறையாக முழுவதும் படித்தேன். நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் எதையும் ஒப்புக்கொள்வதோ, வாக்குக் கொடுப்பதோ, பணம் கொடுப்பதோ கூடாது என்று நிபந்தனைகளின் தொடக்கத்திலேயே இருக்கிறது. நிறுவனத்தின் குறைதீர்ப் பிரிவும் கைவிரித்தால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். நான் போகவில்லை. அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்திருந்தாலும் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு எனக்கு எதிராகத்தான் தீர்ப்புச் சொல்லியிருப்பேன்.

இதற்கு நடுவில் தெரிந்த ஒருவர், வீட்டு கேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது இடித்துவிட்டதாகப் புதிதாக ஒரு கிளெய்ம் எழுதிக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னார். பலர் இதைச் சாதாரணமாகச் செய்கிறார்கள் என்றும் சொன்னார். பொய்யான தகவல் என்று தெரிந்தால் பாலிசியே செல்லாமல் போகலாம் என்பது ஒருபுறம் இருக்க, ஏமாற்றப்பட்ட கோபத்தில் நானும் ஒருவரை ஏமாற்றுவதா என்று விட்டுவிட்டேன்.

இப்போது, அன்று சாலையில் நான் போடாத கணக்கு. என் வண்டி 2018-இல் வாங்கியது. போனஸ் கழிப்பதற்கு முன்பு சொந்தச் சேதப் பகுதிக்கான பிரீமியம் 6,400 ரூபாய். கிளெய்ம் வாங்கியிருந்தால் அடுத்த ஆண்டு 50 விழுக்காட்டுக்குப் பதில் பூஜ்யம், அதற்கடுத்த ஆண்டுகளில் 20, 25, 35, 45. ஐந்து ஆண்டுகளில் நான் இழக்கும் தள்ளுபடிகளைக் கூட்டினால் 125 விழுக்காடு, அதாவது 8,000 ரூபாய். வண்டியின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதால் உண்மையில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். மறுபக்கம், விபத்து நடந்த வாரமே போயிருந்தால் வேலை 28,600 ரூபாயில் முடிந்திருக்கும். பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 விழுக்காடு தேய்மானம், என் வண்டியின் வயதுக்கு இரும்புப் பாகங்களுக்கு 40 விழுக்காடு, ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் எல்லாம் போக, எனக்கு 20,000 ரூபாய் அளவில் கிடைத்திருக்கும் என்று சர்வீஸ் சென்டரில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எட்டாயிரத்தைக் காப்பாற்ற இருபதாயிரத்தை விட்டேன்.

தவறு எதிராளி மேல் என்றால் அவருடைய இன்சூரன்ஸ்தானே தர வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். தரத்தான் வேண்டும், ஆனால் அதற்கு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு மனுப் போட வேண்டும். இருபது, முப்பதாயிரம் ரூபாய்க்காக அந்த நடையை யாரும் நடப்பதில்லை. தவறு யாருடையதாக இருந்தாலும் அவரவர் பாலிசியில் வாங்கிக்கொள்வதுதான் நடைமுறை. அதனால்தான் உங்கள் பாலிசியின் வழி அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

தனியாகப் பேசி முடிப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. பம்பரில் வெறும் கீறல், இரண்டாயிரம் மூவாயிரத்தில் முடிகிற பெயிண்ட் வேலை என்றால், பணத்தை வாங்கிக்கொண்டு உங்களுக்குப் பழக்கமான இடத்தில் செய்துகொள்வதுதான் லாபம். ஆனால் அது கீறல் மட்டும்தான் என்பதை உங்கள் மெக்கானிக் பம்பரைக் கழற்றிப் பார்த்துச் சொல்ல வேண்டும். மோதியவர் சொல்லக் கூடாது. அதுவரை எதிராளியின் ஓட்டுநர் உரிமம், வண்டி எண், காப்பீட்டுத் தேதி ஆகியவற்றைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, நாளை பேசலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு தகவல் கொடுத்துவிடுங்கள். சர்வேயர் பார்த்த பிறகு தொகை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விலகிக்கொண்டால் போனஸ் போகாது என்று என் நிறுவனத்தின் கிளை அலுவலர் சொன்னார்; உங்கள் நிறுவனத்தில் இதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. யாருக்காவது சிறு காயம் பட்டிருந்தால்கூடப் பேரத்துக்கே இடமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு காவல் நிலையத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் சொல்வதை ஓட்டுநரின் கடமையாக்கியிருக்கிறது. எதிராளியின் பட்டறைக்கு மட்டும், அவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும், வண்டியை அனுப்பாதீர்கள்.

வண்டியைச் சொந்தப் பணத்தில் சரிசெய்து எடுத்துவிட்டேன். சென்ற மாதம் பாலிசியைப் புதுப்பித்தபோது 50 விழுக்காடு போனஸ் கிடைத்தது. வண்டியின் மதிப்பு குறைந்திருந்ததால் சொந்தச் சேதப் பிரீமியம் 6,000 ரூபாயாக வந்தது. அதில் 3,000 கழித்தார்கள்.