திம்பமா, கூடலூரா, கல்லட்டியா: கோவையிலிருந்து மைசூருக்கு இருவர் போகும் வழி

மைசூரில் ஒரு நண்பர் வீடு, உதகை அல்லது குன்னூரில் இன்னொரு நண்பர் வீடு என்று பார்த்துவரக் கோவையிலிருந்து காரில் புறப்படும் கணவன் மனைவிக்கு, மைசூருக்கு மலையேறாமல் போய்ச் சேரும் வழி என்று ஒன்று நேராக அமைவதில்லை. சத்தியமங்கலம் வழியாகத் திம்பம் ஏறலாம். மேட்டுப்பாளையம் வழியாக உதகைக்கு ஏறி, மறுபக்கம் கூடலூருக்கு இறங்கலாம். உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்குவதும் ஒரு வழி என்று வரைபடம் காட்டும், ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. இவற்றில் எது அழகு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது. பதில் சொல்பவர் வண்டியில் எந்த இருக்கையில் உட்கார்ந்து போனார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. ஸ்டியரிங் பிடித்தவர் கண்ட திம்பம் வேறு, ஜன்னலோரம் இருந்தவர் கண்ட திம்பம் வேறு. இருவர் சேர்ந்து போகும் பயணத்தில் இந்த வேறுபாட்டை ஒதுக்கிவிட்டுத் தொலைவையும் நேரத்தையும் மட்டும் ஒப்பிடுவது பாதிக் கணக்குதான்.

தொலைவில் குறைந்தது திம்பம் வழியே. அன்னூர், சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம், ஆசனூர், சாமராஜநகர், நஞ்சன்கூடு என்று போனால் 200 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். காலையில் சிற்றுண்டி முடித்துக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு மைசூரில் இருக்கலாம். பண்ணாரி மாரியம்மன் கோயிலைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்கி, 27 கொண்டை ஊசி வளைவுகளில் திம்பத்துக்கு ஏற்றிவிடுகிறது. பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு இது பெரிய விருந்து: ஒவ்வொரு வளைவிலும் சமவெளி ஒரு படி கீழே இறங்கும், பவானிசாகர் அணையின் நீர்ப்பரப்பு வெயிலில் தகடு போல மின்னும், கொஞ்ச நேரத்தில் காற்றே மாறிவிடும்.

ஓட்டுபவருக்கு இதில் எதுவும் கிடைக்காது. தமிழ்நாட்டுக்கும் மைசூர்ப் பகுதிக்கும் இடையே சரக்கு போகும் முக்கியமான சாலை இதுதான் என்பதால், அவர் பார்ப்பதெல்லாம் முன்னால் ஊர்ந்து போகும் லாரியின் பின்பலகையைத்தான். நீளமான லாரி ஒன்று கொண்டை ஊசி வளைவில் திரும்ப முடியாமல் நிற்கும்போது, கிளீனர் கீழே இறங்கி, கையில் ஒரு கல்லோடு பின்சக்கரத்துக்கு அருகே நின்று, “வா, வா, ஒடி, ஒடி” என்று குரல் கொடுக்க, ஓட்டுநர் இரண்டு முறையோ மூன்று முறையோ முன்னும் பின்னும் எடுத்துத் திருப்புவார். அதுவரை இரு பக்கமும் வண்டிகள் நிற்கும். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற விதி தெரிந்தவர்கள் இந்த நேரத்தில் பொறுமையாக இருப்பார்கள். தெரியாத ஒருவர் வலப்பக்கம் புகுந்து முந்தப் பார்த்தால், கால் மணி நேரத் தாமதம் ஒரு மணி நேரமாகிவிடும்.

திம்பத்தைத் தாண்டி ஆசனூர்ப் பக்கம் வந்ததும் சாலை நேராகி, ஓட்டுபவருக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. 2013-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் காட்டின் நடுவே போகும் பகுதி இது. இங்கே யானையைப் பார்க்க வாய்ப்பு அதிகம், அதற்குக் காரணம் காடு மட்டுமல்ல. தாளவாடிப் பகுதியிலிருந்து சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றி வரும் லாரிகள், காராப்பள்ளம் சோதனைச் சாவடியில் உள்ள உயரத் தடுப்பைக் கடப்பதற்காக மிகுதிக் கரும்பைச் சாலையோரம் உருவிப் போட்டுவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. அந்தக் கரும்பின் சுவை கண்ட யானைகள் இப்போது லாரிக்காகவே சாலையில் காத்து நிற்கின்றன. குட்டியோடு ஒரு தாய் யானை லாரியை மறித்து, துதிக்கையால் ஒரு கட்டுக் கரும்பை இழுத்துக் குட்டியின் முன் போடுவதைப் பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் பின்னால் நிற்கும் சிறிய காரில் இருப்பவருக்கு அது வேடிக்கை அல்ல. இடைவெளி விட்டு நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், செல்ஃபோனோடு இறங்காமல் காத்திருப்பதே வழி.

உதகை, கூடலூர் வழி சுமார் 40 கிலோமீட்டர் கூடுதல். நேரக் கணக்கில் இரண்டு மணி நேரமாவது கூடும். மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு, குன்னூர் வழியாக ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. கோத்தகிரி வழியாகவும் ஏறலாம். கோடை சீசனில் குன்னூர் வழியே ஏறவும் கோத்தகிரி வழியே இறங்கவும் ஒருவழிப்பாதையாக மாற்றுவார்கள் என்பதால், அப்போது தேர்வு நம் கையில் இல்லை. குன்னூர்ப் பாதையில் சில இடங்களில் மலை ரயிலின் தண்டவாளம் கண்ணில் படும். 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் வந்த அந்த 46 கிலோமீட்டர் ரயில்பாதை 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. ஒருவர் ரயிலிலும் ஒருவர் காரிலும் போய் உதகையில் சந்திக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. தம்பதிகளுக்குச் சொல்லும் யோசனையா அது என்று எனக்குத் தோன்றும்.

இந்த வழியின் உண்மையான சொத்து உதகைக்குப் பிறகுதான் வருகிறது. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கூடலூர் அதைவிட ஏறத்தாழ 1,200 மீட்டர் தாழ்வு. அந்த இறக்கத்தைச் சாலை 50 கிலோமீட்டருக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அதனால் சரிவு மிதமானது, வளைவுகள் அகலமானவை, முன்னே வருவது தொலைவிலேயே தெரிகிறது. பைக்காரா பக்கம் புல்வெளியும் இடையிடையே பள்ளங்களில் ஒதுங்கி நிற்கும் சோலைக்காடும், நடுவட்டத்தில் தேயிலைத் தோட்டமும், ஊசிமலைக் காட்சிமுனையில் திடீரெனத் திறக்கும் மேற்குப் பள்ளத்தாக்கும், ஸ்டியரிங் பிடித்தவர் கண்ணிலும் படுகின்றன. இருவரும் ஒரே காட்சியை ஒரே நேரத்தில் பார்த்து, “அங்கே பார்” என்று சொல்லிக்கொண்டு போகக்கூடிய மலைச்சாலை இந்த மூன்றில் இது ஒன்றே. கூடலூருக்குப் பின் முதுமலை, தெப்பக்காடு, கக்கநல்லா, பந்திப்பூர் என்று காடு தொடர்கிறது. பந்திப்பூர், புலிகள் பாதுகாப்புத் திட்டம் 1973-இல் தொடங்கியபோது அதில் சேர்ந்த முதல் ஒன்பது காப்பகங்களில் ஒன்று. சாலையில் வேகத்தடைகள் அடிக்கடி வரும். வண்டியை நிறுத்தவோ இறங்கவோ கூடாது. மான் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை.

இந்த அழகுக்கு ஈடாகக் கொஞ்சம் காகித வேலை இருக்கிறது. வெளிமாவட்ட வண்டிகள் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் பெற வேண்டும் என்ற நடைமுறை, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 7 மே 2024 அன்று தொடங்கியது. 2025 கோடையில் சுற்றுலா வண்டிகளின் எண்ணிக்கையையே வார நாட்களில் 6,000 என்றும் வார இறுதியில் 8,000 என்றும் நீதிமன்றம் வரையறுத்தது. குன்னூரில் நண்பர் வீட்டுக்குத்தானே போகிறோம் என்று சொல்வது சோதனைச் சாவடியில் எடுபடாது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் அங்கே தடை. எவர்சில்வர் பாட்டிலோடு போவது நல்லது. திம்பம் வழியில் இ-பாஸ் தொல்லை இல்லை.

கல்லட்டிக்கு வருவோம். உதகையை அடுத்த தலைக்குந்தாவில் பிரிந்து மசினகுடிக்கு இறங்கும் இந்தப் பாதை, கூடலூர்ச் சாலை 50 கிலோமீட்டரில் இறக்கும் உயரத்தை அதில் பாதிக்கும் குறைவான தொலைவில் இறக்கிவிடுகிறது. 36 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியருக்கு மேல் போகாமல் இன்ஜினின் பிடிமானத்திலேயே இறங்கத் தெரியாதவர்கள், பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்து, பாதி வழியில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் விபத்துக்குள்ளாவது தொடர்ந்து நடந்துவந்தது. 2018-இல் நேர்ந்த ஒரு கோர விபத்துக்குப் பிறகு, வெளிமாவட்ட வண்டிகள் இந்தப் பாதையில் இறங்கத் தடை வந்தது, ஏறுவதற்கு விடுகிறார்கள். ஆகவே கோவையிலிருந்து மைசூருக்குப் போகும் வழியாகக் கல்லட்டியைக் கணக்கில் சேர்க்கவே முடியாது. திரும்பி வரும் வழியாக மட்டுமே அது போட்டியில் நிற்கிறது, அந்த வகையில் வலுவாகவே நிற்கிறது: மைசூரிலிருந்து உதகைக்கு வர கூடலூர் வழியைவிட 30 கிலோமீட்டருக்கு மேல் மிச்சம், முள்காட்டு வறட்சியில் தொடங்கி, ஒரு மணி நேரத்துக்குள் ஸ்வெட்டர் தேடும் குளிரில் கொண்டு சேர்க்கும். ஓட்டுபவர் கைக்கு இங்கேயும் ஓய்வில்லை. ஆனால் லாரி வரிசை இல்லாத ஏற்றம் என்பதால், ஓட்டுவதையே ரசிப்பவருக்குத் திம்பத்தைவிட இது பிடிக்கும்.

குமட்டல் என்று ஒரு விஷயமும் இருக்கிறது, பலர் வெளியே சொல்லத் தயங்குவது. வளைவு எந்தப் பக்கம் வருகிறது என்பது கைக்கும் கண்ணுக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடுவதால், ஓட்டுபவருக்கு அது அநேகமாக வருவதில்லை; பக்கத்தில் உட்கார்ந்து செல்ஃபோன் பார்ப்பவருக்குத்தான் வரும். என் மனைவிக்குத் திம்பத்தில் பக்கத்து இருக்கை ஒத்துக்கொள்ளாது, ஸ்டியரிங்கைக் கொடுத்தால் 27 வளைவையும் சிரித்துக்கொண்டே ஏற்றிவிடுவாள். இருவருக்கும் ஓட்டத் தெரிந்த வீடுகளில், மலையடிவாரத்தில் யார் எந்த இருக்கை என்று முடிவு செய்வது, எந்தப் பாதை என்று முடிவு செய்வதற்குச் சமமான விஷயம்.

பருவமழை இந்த ஒப்பீட்டையே தலைகீழாக்கிவிடும். நீலகிரியின் மேற்குச் சரிவு தென்மேற்குப் பருவமழையை வாங்குகிறது: ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை நடுவட்டம், கூடலூர்ப் பக்கம் மழையும் மூடுபனியும் இறங்கி, ஊசிமலையில் நின்றால் வெள்ளைத் திரை தவிர ஒன்றும் தெரியாது. கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூர், கோத்தகிரிப் பாதைகளுக்கு ஆபத்துக் காலம் அக்டோபரும் நவம்பரும்; 2009 நவம்பரில் நீலகிரியில் நேர்ந்த மண்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். உதகை வழி இரண்டு சரிவுகளையும் கடப்பதால் இரண்டு பருவத்துக்கும் அது பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் பந்திப்பூர் சருகாகக் காய்ந்து கிடக்கும், அப்போது அங்கே காட்டை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். திம்பத்துக்குப் பங்குனியில் வரும் பண்ணாரி குண்டம் திருவிழா நாட்களைத் தவிர்த்துவிட்டால் ஆண்டில் பெரும்பகுதி சிக்கலில்லை. எல்லாம் கூடி வரும் மாதங்கள் என்றால், செப்டம்பரையும் டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரையிலும் சொல்வேன்.

நண்பர் வீட்டுக்குப் போகும் பயணத்தில் கடிகாரம் இன்னொரு கறாரான ஆள். பந்திப்பூர்ச் சாலை 2009 முதல் இரவு 9 மணிக்கு மூடப்பட்டு, காலை 6 மணிக்குத்தான் திறக்கிறது. திம்பம் பாதையில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த கட்டுப்பாட்டின்படி, கார்களுக்கும் அதே 9 முதல் 6 வரை தடை. சரக்கு லாரிகளை மாலை 6 மணிக்கே நிறுத்திவிடுவதால், ஆறிலிருந்து ஒன்பது வரை திம்பத்தில் கார் ஓட்டுவது சுகம் என்று சிலர் சொல்வார்கள். இருட்டிய பின் யானை நிற்பது தெரியாது என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லலாம். மைசூர் நண்பரின் மனைவி “இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்” என்று பிடித்துவைத்தால், அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு மலை தாண்ட முடியாது. ஆகவே மைசூரில் ஓர் இரவு தங்குவதாக முதலிலேயே சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. அது ஞாயிறாக அமைந்தால் மாலை 7 மணிக்கு அரண்மனையில் விளக்கேற்றுவதையும் பார்த்துவிடலாம்.

பெங்களூரு நண்பர்களையும் இதே பயணத்தில் சேர்ப்பவர்களுக்கு, மைசூரிலிருந்து 119 கிலோமீட்டர் விரைவுச்சாலை 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. இரு சக்கர வண்டிகளுக்கு அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து அதன் முக்கியத் தடத்தில் அனுமதியில்லை. அங்கிருந்து கோவைக்கு ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் வழியாக வேகமாக வந்துவிடலாம்; தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு இடைவெளி விட வேண்டும் என்பதைத் தவிர, அந்தச் சாலையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

என்னைக் கேட்டால், இருவரும் ஓட்டுபவர்களாக இருந்தால் திம்பம் வழியே காலையில் ஏறி, மைசூரில் தங்கி, திரும்பும்போது மசினகுடியிலிருந்து கல்லட்டி ஏறி, உதகையிலோ குன்னூரிலோ இரண்டாவது நண்பர் வீட்டில் ஓர் இரவு இருந்துவிட்டு, கோத்தகிரி வழியே இறங்குவேன். ஏற்றத்துக்கு ஒருவர், இறக்கத்துக்கு ஒருவர். ஒருவருக்கு மட்டுமே ஓட்டத் தெரியுமென்றால், போகவும் வரவும் கூடலூர் வழிதான், இரண்டு மணி நேரம் கூடுதலானாலும்.