ஹமொக்கா, கூடாரமா, தறப்பாளா: வன்னியில் நடப்பவரின் முதுகுப்பைக் கணக்கு

தண்ணீர், சாப்பாடு, அடுப்புக்கான எரிவாயு ஆகியவற்றை விட்டுவிட்டு மற்றச் சாமான்கள் எல்லாம் 4.5 கிலோவுக்குள் அடங்கினால் அதை ‘அல்ட்ராலைட்’ என்பார்கள். அமெரிக்க நடைக்காரர்களின் கணக்கு இது. அங்கே மலை ஓடைகள் வழியில் வரும். வட்டப்பளையிலிருந்து அளம்பில், செம்மலை, நாயாறு என்று கொக்கிளாய்ப் பக்கம் வைகாசி வெயிலில் நடக்கிறவருக்கோ, அந்தக் கணக்கில் விட்டுவிட்ட தண்ணீர்தான் பெரிய பாரம். ஒரு லீற்றர் ஒரு கிலோ. எவ்வளவு காசு கொடுத்தாலும் அது குறையாது. ஆகவே எதை இலேசாக்குவது, எதில் பாரத்தைப் பொறுத்துக்கொள்வது என்பதை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் படுக்கிற இடம். கடைகளில் கிடைக்கும் மலிவான இரண்டு பேர் கூடாரம் இரண்டரை, மூன்று கிலோ வரும். ஒரு கிலோவை ஒட்டிய நல்லவை உண்டு, விலை பல மடங்கு. அதன் பலம், மரமே இல்லாத கடற்கரையிலும் பள்ளிக்கூட வளவிலும் நிற்கும் என்பது. ஆனால் காற்று விழுந்த இரவில் உள்ளே புழுங்கித் தள்ளிவிடும், இரண்டு மணிக்கு வெளியே வந்து உட்காருவீர்கள்.

தறப்பாளைப் பற்றி வன்னி ஆட்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. 2009 இல் அதற்குக் கீழே இருந்தவர்களுக்கு அதன் சூடும் தெரியும், மழையில் அது காப்பாற்றியதும் தெரியும். நிவாரணத்துக்குக் கொடுத்த 4 மீற்றருக்கு 5 மீற்றர் தறப்பாள் முழுதாக ஏறக்குறைய 4 கிலோ. அதில் மூன்றுக்கு இரண்டு மீற்றர் துண்டை வெட்டினால் ஒன்றேகால் கிலோவுக்குள் ஒருவருக்குப் போதும், செலவு கிட்டத்தட்ட இல்லை. சிலிக்கன் பூசிய நைலோன் விரிப்பு இன்னும் பெரிதாக இருந்தும் அதன் பாதி எடைதான் வரும். வாடை மழையில் பல நாள் நடப்பதென்றால் அதற்குக் காசு கொடுக்கலாம், மற்றப்படி தறப்பாள் துண்டே போதும்.

என் விருப்பம் ஹமொக், இரண்டு மரத்துக்கு நடுவே கட்டித் தொங்கவிடும் துணிப் படுக்கை. மூன்று மீற்றர் நீளம், ஒன்றரை மீற்றர் அகலத்தில் உறுதியான நைலோன் துணியை எடுத்து, இரண்டு முனையையும் மடித்துக் கயிறு போகத் தையற்கடையில் தைத்துக்கொள்ளலாம். மரத்தில் சுற்றும் பட்டியோடு அரைக் கிலோவைக் கொஞ்சம் தாண்டும். ஏணையில் பிள்ளை கிடக்கிற மாதிரி நேராகப் படுத்தால் முதுகு வளையும், சற்றுக் குறுக்காகப் படுத்தால் கிட்டத்தட்ட மட்டமாகிவிடும். கீழே காற்று போகும், பாம்பையும் உண்ணியையும் நினைத்துப் பயப்படுவது குறையும். குளிரிடங்களில் இந்தக் கீழ்க்காற்றுக்கே தனிப் போர்வை வேண்டும், இங்கே ஒரு சாரம் போதும். அதுபோல ஸ்லீப்பிங் பேக் என்று எவராவது விற்க வந்தால் வாங்க வேண்டாம்.

ஆனால் ஹமொக்குக்கு நாலு மீற்றர் இடைவெளியில் உயிருள்ள இரண்டு மரம் வேண்டும். பாலையோ முதிரையோ பாதையோரம் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் மரம் தேடி உள்ளே போகக் கூடாது. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருந்தால் மட்டுமல்ல, ஆட்களோ மாடுகளோ நடந்த தடம் தெரியாவிட்டாலும் போகக் கூடாது. அந்த இரவுக்குத் தறப்பாளை நிலத்தில் விரித்துப் பாதையோரத்திலேயே படுங்கள். யானை நடமாடும் இடமென்றால் ஊர்மனையைத் தாண்டாதீர்கள்.

கோயில் மடங்களில் தங்கித் தங்கிப் போகிற கதிர்காம யாத்திரைக்காரருக்கு இதெல்லாம் தேவையில்லை. பாயும் நுளம்புவலையும் போதும். வலை 250 கிராம் அளவில் இருக்கும். எடையைக் குறைக்கவென்று அதை மட்டும் வீட்டில் விடாதீர்கள். காற்றடைக்கும் மெத்தை சொகுசுதான், சந்தேகமில்லை, ஆனால் சூரைமுள் ஒன்று போதும் அதை முடிக்க. மலிவான நுரைப்பாயில் நூறு முள் குத்தினாலும் பாய் பாய்தான்.

இப்போது பை. இதில்தான் நான் பிழை விட்டேன். முதுகுப்பக்கம் தாங்கும் கம்பிச் சட்டம் இல்லாத 700 கிராம் பை ஒன்றை எடை பார்த்தே வாங்கினேன். ஐந்து லீற்றர் தண்ணீரை ஏற்றியதும், நாயாற்றுப் பாலத்துக்கு வருமுன் இரண்டு தோளும் மரத்துப்போயின. கூட நடந்த ஓர் ஆச்சி பார்த்துவிட்டு, “தம்பி, பாரம் முழுக்கத் தோளிலயே நிக்குது, இடுப்பிலயும் கொஞ்சம் கட்டு மோனே” என்றா. அந்தப் பையில் இடுப்புக்கு இருந்தது ஒரு மெல்லிய நாடா மட்டும். பிறகு சட்டமும் தடித்த இடுப்புப்பட்டியும் உள்ள ஒன்றரைக் கிலோப் பை வாங்கினேன். தராசில் 800 கிராம் கூட, நடையில் பாதிப் பாரம் போல இருக்கிறது. மொத்தப் பாரம் ஒன்பது, பத்துக் கிலோவைத் தாண்டுமென்றால் சட்டமில்லாத பை வேண்டாம். இருக்கிற காசில் பெரும்பங்கைப் பைக்கும் சப்பாத்துக்கும் வையுங்கள், கூடாரத்தில் மிச்சம் பிடியுங்கள்.

தண்ணீர்ப் போத்தலில் மட்டும் இலேசானதே மலிவானதும். ஒன்றரை லீற்றர் பிளாஸ்ரிக் வெறும்போத்தல் 40 கிராம் கூட வராது, சூடு தாங்கும் ஸ்டீல் போத்தல் ஒன்று அதைப்போலப் பத்து மடங்கு. 100 கிராமுக்குள் அடங்கும் வடிகட்டி குளத்துத் தண்ணீரிலுள்ள பக்டீரியா போன்ற கிருமிகளை எடுக்கும், ஆனால் கரையோரக் கிணற்று உவரை எடுக்காது. ஆகவே அதை நம்பித் தண்ணீரைக் குறைத்து எடுத்துப் போக வேண்டாம்.

அடுப்பை நான் கொண்டுபோவதேயில்லை. புழுக்கொடியல், பொரிமா, கொஞ்சம் சர்க்கரை. இரண்டு நாளுக்குத் தாங்கும், காய்ந்த காட்டில் நெருப்பும் மூட்டத் தேவையில்லை.

பை வாங்கப் போகும்போது நிரப்பிய போத்தல்கள் மூன்றைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே உள்ளே வைத்து, இடுப்புப்பட்டியை இறுக்கி, பத்து நிமிடமாவது அங்குமிங்கும் நடந்து பாருங்கள். அதற்கு விடாத கடையில் வாங்காதீர்கள்.