வீட்டுத் தச்சு வேலைக்கு ஒரு டேபிள் சா: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

வீட்டில் ஓய்வு நேரத்தில் தச்சு வேலை செய்பவர்கள் டேபிள் சா, அதாவது மேசையின் நடுவே வட்ட பிளேடு சுழலும் அறுப்பு இயந்திரம், வாங்குவதைப் பற்றிப் பேசத் தொடங்கினால், எத்தனை வாட் மோட்டார், எத்தனை அங்குல பிளேடு என்ற இரண்டு கேள்விகளோடு பேச்சு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. பத்து அங்குல பிளேடும் 1800 வாட் மோட்டாரும் கொண்ட, காலை மடக்கித் தூக்கி வைக்கக்கூடிய வகை இயந்திரம் ஒன்றைச் சென்னைப் புறநகரில் என் வீட்டுக் கார் ஷெட்டில் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகிறேன். வெட்டின் தரத்தில் அந்த இரு எண்களுக்கும் உள்ள பங்கு சிறிது. ஃபென்ஸ் எனப்படும் பக்கத் தடுப்பு, பிளேடுக்குப் பின்னால் நிற்கும் ரிவிங் கத்தி, இயந்திரத்தைச் சுற்றி நாம் அமைத்துக்கொள்ளும் மேசை ஆகியவற்றின் பங்கே பெரிது என்பது என் முடிவு. நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். கீழே சொல்லும் நிறைகுறைகளில் பெரும்பகுதி இந்த வகை இயந்திரங்கள் அனைத்துக்கும் பொருந்தும்.

டேபிள் சா இல்லாமலும் வேலை நடக்கத்தான் செய்கிறது. மரவாடியை ஒட்டிய சா மில்லில் கொடுத்தால் பலகையாகவும் சட்டமாகவும் அறுத்துத் தருவார்கள்; ஆனால் வேலையின் நடுவே இரண்டு மில்லிமீட்டர் குறைக்க வேண்டுமென்றால் மீண்டும் அங்கே போய் நிற்க முடியாது. ஆசாரிகள் பலர் கைச் சர்க்குலர் சாவையோ மார்பிள் கட்டரையோ பிளைவுட் பலகைக்கு அடியில் தலைகீழாக முடுக்கி, அதையே டேபிள் சாவாக்கி அறுக்கிறார்கள். நாள் முழுவதும் அதிலேயே நிற்பவர்களின் கைப்பழக்கம் வேறு. ரிவிங் கத்தியும் மூடியும் இல்லாத அந்த அமைப்பை வாரக் கடைசியில் மட்டும் மரத்தைத் தொடுபவர் பின்பற்றக் கூடாது. பெல்ட்டில் ஓடும் இன்டக்ஷன் மோட்டாரும் வார்ப்பிரும்பு மேசையும் கொண்ட உள்நாட்டு இயந்திரங்கள் சத்தம் குறைந்தவை, கனமானவை, நெடுங்காலம் உழைப்பவை. ஷெட்டில் இரவு கார் நிற்க வேண்டும் என்ற ஒரே காரணத்தால்தான் அவற்றை நான் விட்டேன். நிலையான பட்டறை உள்ளவர்கள், ரிவிங் கத்தியோடு கிடைக்குமானால், அவற்றையே முதலில் பார்க்க வேண்டும்.

கடையில் பார்க்கும்போது மோட்டாரை ஓட்டிக் காட்டச் சொல்வதைவிட ஃபென்ஸை நகர்த்திப் பூட்டிப் பார்ப்பது பயனுள்ளது. முன்பக்கமும் பின்பக்கமும் பற்சக்கரத்தில் ஒன்றாக நகரும் ஃபென்ஸ், பூட்டும்போது கோணம் மாறாமல் நிற்கிறது. முன்பக்கம் மட்டும் பிடிக்கும் ஃபென்ஸ், இறுக்கும்போது வால் பக்கம் சற்று விலகுகிறது. அடுத்துக் கேட்க வேண்டியது, மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது இயந்திரம் தானாக ஓடத் தொடங்குமா என்பது. மின்தடை பழகிப்போன நமக்கு, மீண்டும் சுவிட்சை அழுத்தினால் மட்டுமே ஓடும் பாதுகாப்பு கட்டாயம் தேவை. பிளேடின் நடுத்துளை 25.4 மில்லிமீட்டரா 30 மில்லிமீட்டரா என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும்; சந்தையில் இரண்டும் கலந்தே விற்கின்றன.

மின் இணைப்பைப் பற்றி ஒரு பத்தி போதும். 230 வோல்ட்டில் 1800 வாட் என்றால் ஏறத்தாழ 8 ஆம்பியர். ஆகவே 6 ஆம்பியர் சாக்கெட்டில் இதைச் செருகக் கூடாது. நான் ஷெட்டுக்கு 16 ஆம்பியர் பாயின்ட் ஒன்றைத் தனியாக இழுத்து, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியாக இணைத்திருக்கிறேன். நீட்டிப்பு ஒயர் தவிர்க்க முடியாதது என்றால் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்குக் குறையாமல் இருக்கட்டும். கோடை மாலைகளில் வோல்டேஜ் இறங்கும்போது மோட்டாரின் சுருதி மாறுவது காதுக்கே தெரியும். அந்த நேரத்தில் தடித்த மரத்தை அறுக்காமல் விடுவதே மோட்டாருக்கு நல்லது.

பெட்டியிலிருந்து எடுத்துக் காலில் பொருத்த ஒரு மணி நேரம் ஆகாது. சரிசெய்வதற்குத்தான் ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும். முதலில் மேசையின் மேல் நேரான இரும்பு அளவுகோலைக் குத்தாக நிறுத்தி, அடியில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். அலுமினிய வார்ப்பில் சிறு பள்ளம் இருப்பது இயல்பு, பிளேடை ஒட்டிய பகுதி சமமாக இருந்தால் போதும். பிறகு மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, பிளேடின் ஒரு பல்லில் மார்க்கரால் குறியிட்டு, அதே பல்லை முன்னும் பின்னுமாகச் சுழற்றி, மேசையில் பிளேடின் பக்கமாக நீளவாட்டில் ஓடும் மைட்டர் காடி என்ற பள்ளத்திலிருந்து அதன் தூரத்தை அளக்க வேண்டும். இரண்டு அளவுக்கும் இடையில் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால், மேசைக்கு அடியில் மோட்டாரைத் தாங்கும் போல்ட்டுகளைத் தளர்த்தித் திருத்த வேண்டும். வெவ்வேறு பற்களை அளந்தால் பிளேடின் கோணலும் சேர்ந்து கணக்கில் வந்து குழப்பும். பிளேடு காடிக்கு இணையாக நின்ற பிறகுதான் ஃபென்ஸைக் காடிக்கு இணையாக்க வேண்டும். வரிசையை மாற்றினால் வேலை இரட்டிப்பாகும். ஃபென்ஸின் வால் பக்கம் மயிரிழை அளவு வெளியே விலகியிருக்கலாம். பிளேடை நோக்கி உள்ளே சாய்ந்திருக்கவே கூடாது. 90 பாகையிலும் 45 பாகையிலும் பிளேடு நிற்கும் இடங்களை, அளவுகோல் முள்ளை நம்பாமல் நல்ல மூலைமட்டத்தை வைத்து அமைப்பது கடைசி வேலை. இவ்வகை இயந்திரத்தை அடிக்கடி தூக்கி இறக்குவதால் இந்த அளவுகள் நகரும். எனவே பெரிய வேலை எதையும் தொடங்குமுன் பிளேடையும் ஃபென்ஸையும் அளந்து பார்க்கிறேன்.

ஃபென்ஸ் உள்ளே சாய்வதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பிளேடின் முன்பக்கப் பற்கள் மரத்தைக் கீழ்நோக்கி மேசையோடு அழுத்துகின்றன. பின்பக்கப் பற்களோ மேலே எழும்பி வருகின்றன. மரம் பின்பக்கத்தில் நெருக்குண்டு அந்தப் பற்களில் உரசினால், அவை அதைத் தூக்கி, நிற்பவரை நோக்கியே வீசிவிடும். நிமிடத்துக்குச் சுமார் 3,650 முறை சுழலும் பத்து அங்குல பிளேடின் பல், மணிக்கு 170 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் போகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால், கிக்பேக் என்று சொல்வது எத்தகைய அடி என்பது விளங்கும். அறுபட்ட இரு பக்கமும் மூடிக்கொள்ளாமல் தடுப்பதும், மரம் பின்பற்களின் மேல் நகராமல் காப்பதும் ரிவிங் கத்தியின் வேலை. அது பிளேடின் உடலைவிடத் தடிமனாகவும், பற்கள் வெட்டும் தடத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். பல கத்திகளில் இந்த அளவு பொறிக்கப்பட்டிருக்கும். புதிய பிளேடு வாங்கப் போகும்போது நான் கையில் கொண்டு போவது அந்த எண்ணைத்தான். பிளேடு மூடியைக் கழற்ற வேண்டிய சில வெட்டுகள் உண்டு. ஆனால் பிளேடின் உச்சிக்குக் கீழே நிற்குமாறு கத்தியை இறக்கி வைக்க முடிகிற இயந்திரத்தில், கத்தியைக் கழற்ற எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஸ்டீவ் காஸ் என்ற அமெரிக்கர் 1999-இல் உருவாக்கிய சாஸ்டாப் முறையில், விரல் பட்டவுடன் பிளேடிலுள்ள மின் சமிக்ஞை மாறுவதை உணர்ந்து, ஓர் அலுமினியக் கட்டை பாய்ந்து சில மில்லி வினாடிகளில் பிளேடை நிறுத்திவிடுகிறது. என் இயந்திரத்தில் அது இல்லை. ஆகவே பிளேடின் அருகே கைக்குப் பதிலாக மரத்தைத் தள்ளும் தள்ளுகட்டை இரண்டும் எப்போதும் ஃபென்ஸின் மேலேயே இருக்கும். கையுறை அணிவதில்லை, தோளில் துண்டு போடுவதில்லை, கைலியோடு இயந்திரத்தின் அருகே போவதில்லை.

இணையத்தில் காணும் படங்களில் முழு பிளைவுட் தாளை டேபிள் சாவில் தள்ளுகிறார்கள். எட்டுக்கு நான்கு அடி, 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்று 35 கிலோவை ஒட்டி எடை வரும்; என் இயந்திரமோ அதைவிட எடை குறைந்தது. தாளின் பாதி மேசையைத் தாண்டியதும் இயந்திரமே சாயப் பார்க்கும். எனவே தரையில் தெர்மாகோல் தாளைப் பரப்பி, கைச் சர்க்குலர் சாவால் பிளைவுட்டைத் தோராயமாகப் பிளந்துகொண்டு, துண்டுகளை மட்டுமே டேபிள் சாவுக்குக் கொண்டுவருகிறேன். அதே உயரத்தில் பின்பக்கம் ஒரு மேசை அமைத்த பிறகு, நீளமான பலகையை அறுக்கும்போது துணைக்கு ஆள் தேடுவது நின்றது. வெறும் பிளைவுட் அலமாரி மட்டுமே செய்யப் போகிறவருக்கு நேராக ஓட வழிகாட்டும் நல்ல தண்டவாளத்தோடு கூடிய கைச் சர்க்குலர் சா போதும் என்றே சொல்வேன். ஒரே அகலத்தில் நிறையச் சட்டம் தேவைப்படும் கதவு, ஜன்னல், நாற்காலி வேலைகளில்தான் டேபிள் சா தன் விலையைத் திருப்பித் தருகிறது.

குறுக்கு வெட்டுக்கு இயந்திரத்தோடு வரும், காடியில் ஓடும் கோண வழிகாட்டியான மைட்டர் கேஜ் ஆடும். அதற்கு மாற்றாகப் மரத்தை மேலே வைத்துத் தள்ளும் ஸ்லெட் என்ற நகரும் தட்டு ஒன்றைப் பிளைவுட்டில் செய்து, ஐந்து வெட்டு முறையில் அதைச் சரிபார்த்தேன்: ஒரு பலகையின் நான்கு பக்கங்களையும் வரிசையாகத் திருப்பி வெட்டி, ஐந்தாவதாக வெட்டி விழும் கீற்றின் இரு முனை அகலங்களை அளந்தால், பிழை நான்கு மடங்காகப் பெருகித் தெரியும். அந்த ஸ்லெட்டின் அடியில் ஓடும் சட்டங்களைத் தேக்கில் செய்தபோது சித்திரையில் வழுக்கிக்கொண்டு ஓடின, ஐப்பசி மழையில் காடியில் இறுகி நின்றன. நைலான் பட்டைக்கு மாறியபின் அந்தத் தொல்லை இல்லை.

பிளேடு விஷயத்தில் சிக்கனம் பார்ப்பது வீண். உடன் வந்த 24 பல் பிளேடு நீளவாட்டில் அறுக்கச் சிறந்தது. பிளைவுட்டின் மேல் தாளைப் பிய்த்துவிடும். அதற்கு 60 பல் பிளேடு தனியாக வேண்டும். தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா கலந்திருப்பதால் பல் விரைவில் மழுங்குகிறது. மழுங்கிய பிளேடு மரத்தைக் கருக்கும், தள்ளும் கையின் அழுத்தத்தையும் கூட்டும். காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளைப் பிரித்த மரம் வாங்குபவர்கள், முறிந்த ஆணியைக் காந்தம் வைத்துத் தேடிய பின்பே அதைப் பிளேடுக்குக் கொடுக்க வேண்டும்.

தூசுதான் நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிய தொந்தரவு. வாக்குவம் குழாயை மாட்டினாலும் பாதித் தூள் அடியிலும் பிளேடின் மேலும் பறக்கிறது. மரத்தூளை 1995-இலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. என்95 முகக்கவசம் இல்லாமல் சுவிட்சைத் தொடுவதில்லை. சத்தமும் கடுமையானது. காதடைப்பு எனக்கு உண்டு, பக்கத்து வீட்டாருக்கு இல்லை. ஆகவே பகல் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை என்று ஒரு வழக்கம் தானாகவே உருவாகிவிட்டது.

இந்தக் காலத்தில் மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷை ஒருமுறை மாற்றினேன். பிளேடை ஏற்றி இறக்கும் பற்சக்கரத்தில் பிசின் கலந்த தூள் கெட்டிப்பட்டதைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்தெடுத்து, எண்ணெய்க்குப் பதில் மெழுகு பூசினேன், ஏனெனில் எண்ணெய் மீண்டும் தூளைப் பிடித்துக்கொள்ளும். தீராத குறை ஒன்றே ஒன்று: பிளேடைச் சுற்றியுள்ள மெல்லிய தகடு நடுவில் சற்று வளைகிறது, அதன் வாயும் அகலமாக இருப்பதால் மெல்லிய கீற்றுகள் உள்ளே விழுந்து சிக்குகின்றன. தகடு உட்காரும் விளிம்பின் ஆழம் மிகக் குறைவு என்பதால் சாதாரணப் பிளைவுட்டில் மாற்றுத் தகடு செய்ய இடமில்லை. இப்போதைக்கு 3 மில்லிமீட்டர் அக்ரிலிக்கில் ஒன்றை வெட்டி, அடியில் அலுமினியப் பட்டை ஒட்டி ஓட்டிப் பார்க்கிறேன்; நேர் வெட்டுக்கு அது தாங்குகிறது, சாய்ந்த வெட்டுக்குப் பழைய தகட்டையே திரும்பப் பொருத்த வேண்டியிருக்கிறது.