34 ப்ளகின்ல இருந்து 11: எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனோட ஆறு வருஷ அனுபவம்

2019 கடைசில இருந்து மூணு வேர்ட்பிரஸ் சைட்ட தனியாளா பாத்துக்கிட்டு வர்றேன். ஆரம்பத்துல பெரிய சைட்ல மட்டும் 34 ப்ளகின் இருந்துச்சு, ஸ்லைடருக்கு ஒண்ணு, ஃபார்முக்கு ஒண்ணு, ரேட்டிங்குக்கு ஒண்ணுன்னு தேவைப்படும்போதெல்லாம் போட்டுக்கிட்டே போனேன். ஸ்டாரும் டவுன்லோடு எண்ணிக்கையும் நல்லா இருந்தா போதும்னு நெனச்சேன், உள்ள கோட் எப்படி இருக்குன்னு ஒரு நாளும் திறந்து பாத்ததில்ல. அந்த அலட்சியம்தான் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன்ல, அதாவது வெளியாள் தன் கட்டளைய நம்ம டேட்டாபேஸ் கேள்விக்குள்ள நுழைக்கிற தாக்குதல்ல, கொண்டு போய் விட்டுச்சு.

2022ல ஒரு நாள் காலைல சைட் ரொம்ப இழுத்துச்சு. ஹோஸ்டிங் பிரச்சனையா இருக்கும்னுதான், வர்ற ரிக்வெஸ்ட் எல்லாம் பதிவாகுற ஆக்சஸ் லாக்க திறந்தேன். நிகழ்ச்சிப் பட்டியல் காட்டுற ஒரு ப்ளகின், பேரு வேணாம், அதோட பக்கத்துக்கு ஒரே ஐபில இருந்து நூத்துக்கணக்குல ரிக்வெஸ்ட். எல்லாத்துலயும் சார்ட் பண்ற பாராமீட்டர்ல காலம் (column, டேபிள்ல ஒரு பத்தி) பேரு இருக்க வேண்டிய இடத்துல செலக்ட், இஃப், ஸ்லீப், பக்கத்துல 5ன்னு ஒரு எண். ரிக்வெஸ்டுக்கு ரிக்வெஸ்ட் ஒரே ஒரு எழுத்து மட்டும் மாறிக்கிட்டே போகுது. பாக்கப் பாக்க கை நடுங்கிடுச்சு, ஏன்னா அவன் என்ன பண்றான்னு அப்பதான் புரிஞ்சுது. அட்மின் பாஸ்வேர்டு ஹாஷோட (பாஸ்வேர்ட உருமாத்தி சேமிச்ச வடிவம்) முதல் எழுத்து இதுவான்னு டேட்டாபேஸ்கிட்ட கேக்குறான், ஆமான்னா அஞ்சு செகண்ட் தூங்கு, இல்லன்னா உடனே பதில் சொல்லு. ஸ்க்ரீன்ல ஒரு எரர் கூட வரவேண்டியதில்ல, பதில் வர்ற நேரத்த வச்சே எழுத்தெழுத்தா உருவிடலாம். இதத்தான் டைம் பேஸ்டு பிளைண்டுன்னு சொல்றாங்க. கெட் ரிக்வெஸ்டா, அதாவது யூஆர்எல்லயே வந்ததால எனக்குத் தெரிஞ்சுது, போஸ்ட்ல அனுப்பியிருந்தா ரிக்வெஸ்ட் வந்தது மட்டும்தான் சாதாரண லாக்ல இருந்திருக்கும், பாராமீட்டர்ல என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சிருக்காது.

ப்ளகின் ஃபைல்ல தேடுனப்ப அந்த வரி கிடைச்சுது. வரிசைப்படுத்தச் சொல்ற ஆர்டர் பைன்னு ஸ்ட்ரிங் முடியுது, ஒரு புள்ளி (பிஎச்பில ஒட்டுற குறி), அடுத்து நேரா டாலர் சார்ட்ங்குற வேரியபிள். யூஆர்எல்ல வந்தத அப்படியே டேட்டாபேஸ் கேள்வியோட ஒட்டிட்டாங்க, ஒட்டின உடனே அது தகவலா இல்லாம கட்டளையா ஆயிடுது. மேல நாலு வரில சானிடைஸ் டெக்ஸ்ட் ஃபீல்டு போட்டிருந்தாங்க, அதப் பாத்தா பாதுகாப்பா இருக்குன்னுதான் தோணும். ஆனா அது எச்டிஎம்எல் டேக் மாதிரி சமாச்சாரங்கள எடுக்குற வேலை, இதுக்கு அது மருந்தே இல்ல. வேர்ட்பிரஸ் தானா மேற்கோள் குறிக்கு முன்னாடி ஸ்லாஷ் சேக்குறதும் இங்க உதவாது, ஆர்டர் பைல மேற்கோள் குறியே தேவைப்படாதே.

இதுல வருத்தம் என்னன்னா 1998லயே ஃப்ராக் இதழ்ல இந்த ஓட்டைய விவரமா எழுதிட்டாங்க, வேர்ட்பிரஸ்லயும் 2007ல 2.3 வெர்ஷன்லயே மதிப்புகள பாதுகாப்பா கேள்விக்குள்ள வைக்கிற பிரிப்பேர் ஃபங்ஷன் வந்தாச்சு. ஆனா பிரிப்பேர் மதிப்புகளுக்குத்தான், காலம் பேருக்கு அத வச்சு ஒண்ணும் பண்ண முடியாம இருந்துச்சு, 2023ல 6.2 வந்தப்பதான் பேருகளுக்குன்னு தனி பிளேஸ்ஹோல்டர் குடுத்தாங்க. அதனால சார்ட்டிங்தான் பல பேர் வழுக்குற இடம். 2024ல அல்டிமேட் மெம்பர் ப்ளகின்ல வந்த சிவிஇ-2024-1071 (சிவிஇங்கறது ஓட்டைகளுக்குக் குடுக்குற பதிவு எண்) கூட இதே சார்ட்டிங் பாராமீட்டர்தான், 2.8.3ல சரி பண்ணாங்க. என் கணக்குல சரியான வழி, அனுமதிச்ச காலம் பேருகள ஒரு பட்டியலா வச்சுக்கிட்டு அதுல இல்லாதத தூக்கிப் போடுறதுதான்.

அன்னைக்கு ப்ளகின டிலீட் பண்ணேன், எல்லா அட்மின் பாஸ்வேர்டும் டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் மாத்துனேன், கான்ஃபிக் ஃபைல்ல லாகினுக்குப் பயன்படுற ரகசிய சால்ட் கீ எல்லாத்தையும் புதுசா போட்டேன், யூசர் டேபிள்ல தெரியாத அட்மின் யாரும் இருக்காங்களான்னு ஒவ்வொண்ணா பாத்தேன், யாரும் இல்ல. ஆனா மெம்பர்களோட ஈமெயில் அவன் கைக்குப் போகலன்னு என்னால உறுதியா சொல்ல முடியல. அதனால எல்லாருக்கும் நடந்தத மறைக்காம எழுதி பாஸ்வேர்டு மாத்தச் சொன்னேன். எழுதவே கஷ்டமா இருந்துச்சு, ஆனா நம்மள நம்பி ஈமெயில் குடுத்தவங்களுக்கு அது தெரிஞ்சே ஆகணும்.

அதுக்கப்புறம் பாதுகாப்புக்குன்னு போட்ட விஷயங்கள பத்தியும் சொல்லணும். ஃபயர்வால் ப்ளகின் நெஜமாவே நிறைய தடுத்துச்சு, வேண்டாம்னு சொல்ல மாட்டேன், ஆனா வேர்ட்ஃபென்ஸ் இலவச பதிப்புல புது ரூல் வர 30 நாள் ஆகும், பெரிய ஓட்டை வெளிய வந்தா தாக்குறவன் அவ்ளோ நாள் காத்திருக்க மாட்டான். டேபிள் பேருக்கு முன்னாடி வர்ற ப்ரிஃபிக்ஸ மாத்தினா போதும்னு நிறைய பேர் சொல்றாங்க, நானும் மாத்துனேன், டேட்டாபேஸ் தன் டேபிள் விவரங்கள வச்சிருக்குற இன்ஃபர்மேஷன் ஸ்கீமால கேட்டா டேபிள் பேரெல்லாம் வரிசையா வந்துடும், அதனால அத நம்பாதீங்க. எனக்கு அதிகமா பலன் குடுத்தது ஆட்டோ அப்டேட்தான், வேர்ட்பிரஸ் 5.5ல இருந்து ப்ளகினுக்கு ஒரு கிளிக்ல ஆன் பண்ணலாம். ஒரு தடவ அப்டேட்டால லேஅவுட் உடைஞ்சுது, பரவால்ல, அரை மணி நேர வேலை.

ஆனா ஆட்டோ அப்டேட் எட்டாத இடம் ஒண்ணு இருக்கு, தீமோட சேந்து வர்ற காசு ப்ளகின்கள். லைசன்ஸ் தீம்காரர் பேர்ல இருக்கும், நமக்கு அப்டேட் அறிவிப்பே வராம போயிடலாம். 2024 மார்ச்ல லேயர்ஸ்லைடர்ங்குற ப்ளகின்ல லாகின் இல்லாமலே பண்ணக்கூடிய இன்ஜெக்‌ஷன் வந்துச்சு, சிவிஇ-2024-2879, ஆபத்து ஸ்கோர் 10க்கு 9.8, வெர்ஷன் 7.9.11ல இருந்து 7.10.0 வரைக்கும் பாதிப்பு. என் ரெண்டாவது சைட் தீமுக்குள்ள அது இருக்குன்னே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும், நல்லவேளை பழைய 6ஆம் வரிசை வெர்ஷன். அன்னைக்கே எடுத்துட்டேன். அதே சமயத்துல டபிள்யூபி ஆட்டோமேட்டிக் ப்ளகின்ல வந்தது இன்னும் மோசம், ஓட்டை இருந்தது நேரா கூப்பிடக்கூடிய ஒரு தனி பிஎச்பி ஃபைல்ல. உள்ள பூந்தவங்க வேற யாரும் வரக்கூடாதுன்னு அந்த ஃபைலோட பேர மாத்தி வச்சிட்டுப் போனாங்க. டீஆக்டிவேட் பண்ணினா ஃபைல் சர்வர்லயேதான் இருக்கும்ங்கறது மண்டைல ஏறுனது அப்பதான், இப்ப வேண்டாம்னா டிலீட்தான்.

இப்ப 11 ப்ளகின் இருக்கு. புதுசா ஏதாவது போடணும்னா ஜிப்ப இறக்கி, டேட்டாபேஸ்கிட்ட கேக்குற வரிகள்ல வர்ற டாலர் டபிள்யூபிடிபி ($wpdb)ன்னு தேடுவேன், ஒவ்வொரு வரிலயும் பிரிப்பேர் இருக்கா, இருந்தாலும் வேரியபிள முன்னாடியே ஸ்ட்ரிங்குக்குள்ள சொருகிட்டு அப்புறம் பிரிப்பேருக்கு அனுப்புறாங்களான்னு பாப்பேன். சின்ன ப்ளகினுக்கு இருபது நிமிஷம் போதும். போன மாசம் ரெண்ட இப்படித்தான் வேண்டாம்னு விட்டேன், அதுல ஒண்ணுல மறுபடியும் அதே ஆர்டர் பை, அதே புள்ளி. எழுதினவருக்கு தனியா மெயில் போட்டிருக்கேன், திருத்தி வெளியிடுற வரைக்கும் பேர எங்கயும் சொல்ல மாட்டேன்.