ஐஓஎஸ் 26, ஒன் யூஐ 8: வேலூர் வெயிலில் எதை நம்பி ஏற்றலாம்?

2025 செப்டம்பர் 15 அன்று ஆப்பிள் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 26-ஐ வெளியிட்டது. அதே நாளில்தான் சாம்சங்கும் ஆண்ட்ராய்டு 16-ஐ அடிப்படையாகக் கொண்ட ஒன் யூஐ 8-ஐ எஸ்25 போன்களில் தொடங்கி வரிசையாகக் கொடுக்க ஆரம்பித்தது. ஒரு அப்டேட்டுக்காக யாரும் ஐபோனை விற்றுவிட்டு சாம்சங் வாங்கப்போவதில்லை. அதனால் ஒவ்வொன்றும் சொன்னதைச் செய்ததா, ஏற்கெனவே கையில் இருக்கும் போனில் அதை ஏற்றலாமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒன் யூஐ 8 கொஞ்சமாகச் சொன்னது, சொன்னதைச் சரியாகச் செய்தது. ஐஓஎஸ் 26 நிறையச் சொன்னது. ஐபோன் 15-இலும் அதற்குப் பிந்தைய போன்களிலும் அது சொன்னதைக் காப்பாற்றுகிறது, ஐபோன் 11, 12 வைத்திருப்பவர்கள் நாலைந்து செட்டிங்கை மாற்றிய பிறகே நிம்மதியாகப் பயன்படுத்த முடிகிறது.

எதிர்பார்ப்பு இரண்டு பக்கமும் ஒரே அளவில் இல்லை. ஆப்பிள் 18-லிருந்து நேராக 26-க்குத் தாவியது, எல்லாச் சாதனங்களுக்கும் ஆண்டை ஒட்டிய ஒரே எண் வேண்டும் என்பதற்காக. கூடவே ‘லிக்விட் கிளாஸ்’ என்ற கண்ணாடித் தோற்றம். 2013-இல் வந்த ஐஓஎஸ் 7-க்குப் பிறகு ஐபோன் திரை இவ்வளவு மாறியதில்லை. சாம்சங்கின் பெரிய தோற்ற மாற்றமோ ஒன் யூஐ 7-லேயே முடிந்துவிட்டது. ஏற்கெனவே கையில் இருந்த போன்களுக்கு அது தாமதமாகி 2025 ஏப்ரலில்தான் வர ஆரம்பித்தது. அதற்குச் சில மாதங்களிலேயே வந்த 8-இல் திருத்தங்களே அதிகம்.

யாருக்குக் கிடைக்கும் என்பதும் முக்கியம். ஐஓஎஸ் 26 ஐபோன் 11-இலிருந்து மேலே உள்ளவற்றுக்கு. எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ், எக்ஸ்எஸ் மேக்ஸ் மூன்றும் 18-உடன் நின்றுவிட்டன. சாம்சங்கில் எஸ்22, ஏ53 வரை கீழே இறங்கி வருகிறது. எஸ்21, எஸ்21 அல்ட்ராவுக்கு இல்லை, ஆனால் பின்னால் வந்த எஸ்21 எஃப்இ-க்கு உண்டு.

வெயிலில் திரை

மத்தியானம் இரண்டு மணிக்கு காட்பாடி ரோட்டில், ஹேண்டில்பாரில் போனை மாட்டி மேப் பார்த்து ஓட்டும் ஆட்டோக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் திரையில் முதலில் வேண்டியது எழுத்து தெரிவது. ஐஓஎஸ் 26-இல் நோட்டிபிகேஷன், கன்ட்ரோல் சென்டர், ஆப்களின் கீழ்ப்பட்டை எல்லாம் பின்னால் இருப்பதைக் கசியவிடும் கண்ணாடி போல மாறிவிட்டன. வால்பேப்பர் வெளிர் நிறமாக இருந்தால், உதாரணத்துக்கு வெள்ளைக் கோபுரப் படம், அதன்மேல் வரும் வெள்ளை எழுத்து வெயிலில் கரைந்துவிடுகிறது. ஐபோன் 15-இன் திரை வெளிச்சம் வெளியில் 2000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) வரை ஏறும் என்பதால் சமாளிக்கிறது. ஐபோன் 11, 12 திரைகளின் வழக்கமான உச்சம் 625 நிட்ஸ்தான். போன் சூடேறினால் அதுவும் தானாகக் குறையும்.

ஆப்பிளுக்கே இது புரிந்துவிட்டது. நவம்பரில் வந்த 26.1-இல் ஒரு தேர்வு கொடுத்தார்கள்: செட்டிங்ஸ், டிஸ்பிளே அண்ட் பிரைட்னஸ், லிக்விட் கிளாஸ் என்று போய் ‘டின்டட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் கண்ணாடி அடர்த்தியாகிறது. அது போதாதவர்கள் செட்டிங்ஸ், ஆக்ஸசிபிலிட்டி, டிஸ்பிளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ் வழியாகப் போய் ‘ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்சி’யை ஆன் செய்யுங்கள், அதே பக்கத்தில் உள்ள ‘இன்கிரீஸ் கான்ட்ராஸ்ட்’டும் உதவும். இவற்றோடு அடர் நிற வால்பேப்பரையும் வைத்தால் 11, 12-இல் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. ஆனால் இந்த அப்டேட்டின் முதன்மைச் சிறப்பாக விளம்பரம் செய்யப்பட்டதை அணைத்தால்தான் வெயிலில் படிக்க முடிகிறது என்றால், அந்தப் போன்களுக்கு அது பொருந்தவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஒன் யூஐ 8-இல் இந்தச் சிக்கல் இல்லை. பழைய 6-லிருந்து நேராக வருபவர்களுக்கு ஒன்றுதான் திகைப்பைத் தரும்: மேலிருந்து இழுத்தால் வலப்பக்கம் குயிக் பட்டன்கள், மற்ற இடத்தில் நோட்டிபிகேஷன் என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். பழையபடி ஒன்றாக வேண்டுமென்றால் குயிக் பேனலைத் திறந்து, பென்சில் குறியைத் தொட்டு, ‘பேனல் செட்டிங்ஸ்’ போய் ‘டுகெதர்’ என்று மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் பெரியவர்களின் போனில் அப்டேட் ஏற்றினால் இதை முதலில் செய்து கொடுத்துவிடுங்கள்.

சூடும் பேட்டரியும்

ஆப்பிள், சாம்சங் இரண்டும் தங்கள் போன்களுக்குச் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை. வேலூரில் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை மத்தியானத்தில் 35-க்குக் கீழே இருக்கும் நாளைத் தேட வேண்டும். கத்திரியில் 40-ஐத் தாண்டுவது சாதாரணம். அப்டேட் ஏறும்போது பிராசஸர் முழு வேகத்தில் ஓடும், ஏறிய பின்னும் ஓரிரு நாள் ஓயாது. ஐபோன் படங்களையும் தேடல் பட்டியலையும் திரும்ப அடுக்கும், ஆண்ட்ராய்டு ஒவ்வொரு ஆப்பையும் புதிய பதிப்புக்கு ஏற்பத் தயார் செய்யும். அந்த நாட்களில் பேட்டரி வேகமாகக் குறைவது இரண்டிலும் இயல்பு; ஐஓஎஸ் 26 வந்தபோது ஆப்பிளே இதை வெளிப்படையாகச் சொன்னது. நான்காம் நாளும் அப்படியே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். பேட்டரி பக்கத்தில் எந்த ஆப் அதிகம் தின்கிறது என்று பார்த்து, அதை நீக்கித் திரும்பப் போடுங்கள். பெரும்பாலும் அதற்கான புதிய பதிப்பு பிளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ வந்து காத்திருக்கும்.

மூன்று வருடம் ஓடிய ஐபோனில் செட்டிங்ஸ், பேட்டரி, பேட்டரி ஹெல்த் பார்த்துவிட்டே அப்டேட்டைத் தொடுங்கள். ஐபோன் 14 வரையிலான பேட்டரிகள் 500 முழு சார்ஜ் சுற்றுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி செய்யப்பட்டவை. 15-இலிருந்து அது 1000 சுற்று. 80-க்குக் கீழே இறங்கிவிட்ட 11-இல் ஐஓஎஸ் 26-ஐ ஏற்றிவிட்டு “போன் ஸ்லோ ஆயிடுச்சு” என்று வருத்தப்படுவதில் பாதிக் குற்றம் பேட்டரியுடையது. முதலில் பேட்டரியை மாற்றிவிட்டு, பிறகு அப்டேட். மின்சாரத்தைத் தானாகச் சிக்கனப்படுத்தும் ‘அடாப்டிவ் பவர்’ என்ற புதிய வசதி 15 புரோவுக்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் மட்டும்தான். எந்தப் போனுக்கு அது மிகவும் தேவையோ அந்தப் பழைய போன்களுக்குக் கிடைக்கவில்லை என்பது உண்மையிலேயே ஏமாற்றம்.

சாம்சங்கில் ‘பேட்டரி புரொடெக்‌ஷன்’ பகுதியில் சார்ஜை 80, 85, 90, 95 என்று எதில் நிறுத்துவது என நீங்களே வைக்கலாம். ஐபோனில் இதே வரம்பு 15-இலிருந்துதான் உண்டு. நாள் முழுக்கச் சார்ஜரிலேயே கிடக்கும் கடைப் போனுக்கு 80-இல் நிறுத்துவது பேட்டரி உப்பாமல் இருக்க நல்ல வழி.

அப்டேட்டுக்குப் பிறகு சில அமோலெட் திரைகளில் பச்சைக்கோடு விழுவதாக இந்தியா முழுக்கப் புகார் உண்டு. திரையின் ஓரத்தில் உள்ள மெல்லிய இணைப்பு ஏற்கெனவே தளர்ந்திருக்க, நிறுவும்போது ஏறும் சூடு அதைப் பிரித்துவிடுகிறது என்பதுதான் பழுது பார்ப்பவர்கள் சொல்லும் காரணம். எப்படியானாலும் சூட்டைக் குறைப்பதில் நஷ்டமில்லை. ஃபைலை ராத்திரி வைஃபையில் இறக்கி வைத்துவிட்டு, விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கு நிறுவுங்கள். பின் கவரைக் கழற்றுங்கள். முதலிலேயே 80 சதவீதம் சார்ஜ் ஏற்றி, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஆரம்பியுங்கள். 50-க்கு மேல் இருந்தால் ஐபோன் சார்ஜர் இல்லாமலே ஏற்றிக்கொள்ளும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை ராத்திரியும் சூட்டை விடாது, கீழ்த்தளத்தில் தரையில் வைப்பது மேல்.

இடம், பேக்கப்

இரண்டுக்குமே 15 ஜிபி காலியிடம் இருந்தால் தடையில்லாமல் ஏறும். 64 ஜிபி ஐபோன் 11-இல் அதுவே பெரும்பாடு. வாட்ஸ்அப் வீடியோக்களைக் காலி செய்வதுதான் விரைவான வழி. ஐக்ளவுடில் இலவசம் 5 ஜிபி மட்டும் என்பதால் கம்ப்யூட்டரில் பேக்கப் எடுங்கள். விண்டோஸில் ‘ஆப்பிள் டிவைசஸ்’ ஆப் போதும். ‘என்கிரிப்ட்’ என்பதை டிக் செய்தால்தான் பாஸ்வேர்டுகளும் ஹெல்த் விவரங்களும் சேர்ந்து வரும். சாம்சங்குக்கு ஸ்மார்ட் ஸ்விட்ச். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் இப்போது கூகுளின் 15 ஜிபி கணக்கில் சேர்கிறது. அது நிரம்பியிருந்தால் பேக்கப் மாதக்கணக்கில் நின்றுபோயிருக்கும்; கடைசித் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழும் அழைப்புகளும்

ஐபோனில் முழுத் தமிழ்த் திரை 18.4-இலேயே வந்துவிட்டது, அதற்காக 26 தேவையில்லை. ஆப்பிளின் ஏஐ வசதியான ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் 15 புரோவிலும் அதற்குப் பிந்தையவற்றிலும்தான் ஓடும், அதிலும் தமிழ் இல்லை. தமிழில் பேசிப் பதில் வாங்க வேண்டுமென்றால் கூகுளின் ஜெமினி லைவ் இருக்கிறது. அது ஆப் என்பதால் எந்த அப்டேட்டுக்கும் காத்திருக்க வேண்டாம்.

ஐஓஎஸ் 26-இல் தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை இயந்திரக் குரலே எடுத்து, யார், எதற்கு என்று கேட்கும் வசதி நல்ல யோசனை. ஆனால் அது தமிழில் கேட்காது. சி.எம்.சி.யில் உறவினரைச் சேர்த்துவிட்டு வெளியே காத்திருப்பவருக்கு வார்டிலிருந்து தெரியாத எண்ணில்தான் போன் வரும். எதிர்முனையில் இருப்பவர் இயந்திரக் குரலைக் கேட்டு வைத்துவிட்டால் தகவல் போய்ச் சேராது. செட்டிங்ஸ், ஆப்ஸ், போன் பகுதியில் ‘ஸ்கிரீன் அன்னோன் காலர்ஸ்’ என்பதை ‘நெவர்’ என்றே வைத்திருங்கள். அழைப்பைப் பதிவு செய்வதில் சாம்சங்தான் எளிது. ஐபோன் “பதிவாகிறது” என்று இரண்டு பக்கமும் அறிவித்துவிட்டே தொடங்கும்.

பாதுகாப்பு, திரும்பும் வழி

அப்டேட்டைத் தள்ளிப்போடுபவர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். புதிய பதிப்பு வேறு, பாதுகாப்புத் திருத்தம் வேறு. ஒரு படத்தைப் போன் திறக்கும் விதத்தில் இருந்த ஓட்டையைத் தாக்குபவர்கள் பயன்படுத்தியதாகத் தெரிந்ததும், ஆப்பிள் 2025 ஆகஸ்டில் 18.6.2-ஐ வெளியிட்டது. படங்களைக் கையாளும் இன்னொரு ஓட்டையைச் சாம்சங் செப்டம்பர் மாதத் திருத்தத்தில் அடைத்தது, அது ஆண்ட்ராய்டு 13 முதல் எல்லாவற்றுக்கும் உரியது. ஆகவே ஒன் யூஐ 7-இல் இருப்பவர் மாதத் திருத்தம் வந்துகொண்டிருக்கும் வரை அவசரப்பட வேண்டாம். எஸ்22, ஏ53 வைத்திருப்பவர்களுக்கு இதிலுள்ள ஆண்ட்ராய்டு 16-தான் கடைசிப் பெரிய பதிப்பு. அடுத்தது வராது என்பதால் காத்திருந்து பயனில்லை, ஏற்றிவிடலாம்.

ஏற்றிய பின் திரும்புவது கடினம். ஆப்பிள் பழைய பதிப்புக்கு ஒப்புதல் தருவதை நிறுத்திவிட்டால் வழியே கிடையாது. சாம்சங்கில் செட்டிங்ஸ், அபவுட் போன், சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் உள்ள நீண்ட பில்ட் எண்ணைப் பாருங்கள். கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்துதான், போன் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் மென்பொருளான பூட்லோடரின் நிலை. புதியதில் அது ஒரு படி கூடியிருந்தால் எந்தக் கடையில் கொடுத்தாலும் பழையதை ஏற்ற முடியாது. எஸ்25 போன்றவற்றில் ஒன் யூஐ 8 பூட்லோடரைத் திறக்கும் வசதியையே எடுத்துவிட்டது. கஸ்டம் ரோம் (வெளியார் மாற்றிச் செய்த ஆண்ட்ராய்டு) போட்டுப் பார்க்கும் வி.ஐ.டி. மாணவர்கள் இதைத் தெரிந்துகொண்டே தொட வேண்டும்.

காட்பாடி ஜங்ஷன் நெரிசலில் போன் பறிபோனால் காப்பாற்றும் வசதிகள் இரண்டிலும் இருக்கின்றன, அவை ஆனில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஐபோனில் ‘ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்‌ஷன்’, சாம்சங்கில் ‘தெஃப்ட் புரொடெக்‌ஷன்’. இல்லையென்றால் அப்டேட் முடிந்த கையோடு ஆன் செய்யுங்கள். சாம்சங்கின் ‘ஆட்டோ பிளாக்கர்’ ஆனில் இருந்தால் வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் ஃபைன் என்று வரும் ஏபிகே ஃபைல்கள் (பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப்பை ஏற்றுபவை) ஏறாது. இதற்காகவே அது ஆனில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நேதாஜி மார்க்கெட்டிலும் லாங் பஜாரிலும் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பணம் வந்ததைச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் தன் சொந்த சிம்மில் ஓடுகிறது, போன் அப்டேட்டால் அது நிற்காது. ஆனால் அப்டேட் சிக்கி, போனை ரீசெட் செய்ய நேர்ந்தால் யூபிஐ ஆப்பைத் திரும்பப் பதிவு செய்ய, வங்கியில் பதிவான எண்ணின் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போக வேண்டும், அதற்கு ரீசார்ஜ் உயிரோடு இருக்க வேண்டும். புதுப் பதிவாக எடுத்துக்கொண்டால் பல வங்கிகளில் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய் வரைதான் அனுப்ப முடியும், ஐபோனில் அது 72 மணி நேரம். சரக்குக்காரருக்குப் பணம் அனுப்ப வேண்டிய நாளுக்கு முன்தினம் ‘இன்ஸ்டால்’ பட்டனைத் தொடாதீர்கள்.