ஏ4988 டிரைவர், நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு: குறையெல்லாம் அந்தத் திருகில்தான்

கணினி சொன்னபடி வெட்டும் சின்ன சிஎன்சி மெஷின் ஒன்று கட்டப்போகும் நண்பர், அதன் ஸ்டெப்பர் மோட்டார்களை ஓட்ட ஏ4988 டிரைவர் பலகை போதுமா, வேறு ஏதாவது போடணுமா என்று கேட்டிருந்தார். ஆர்டுயினோ ஊனோ, அதன் மேல் டிரைவர்களைச் செருகும் சிஎன்சி ஷீல்டு, மூன்று ஏ4988, 24 வோல்ட் சப்ளை, 1.3 ஆம்பியர் நீமா 17 மோட்டார்கள் என்று 3018 அளவில் (சுமார் 30 × 18 செ.மீ. வெட்டுப் பரப்பு) ஓடுகிற அமைப்பை வைத்துச் சொல்கிறேன். மற்ற விவரமெல்லாம் தெரிந்ததுதான். எனக்குச் சொல்லவேண்டியிருப்பது பலகை ஓரத்தில் மிளகு அளவில் உட்கார்ந்து, மோட்டாருக்குப் போகும் கரன்ட்டின் வரம்பை வைக்கும் அந்தத் திருகைப் பற்றி.

முதல் எரிச்சல், எவ்வளவு வோல்ட்டில் வைப்பது என்பதற்கு ஒரே பதில் கிடையாது. திருகைத் திருப்பி நாம் வைக்கும் வோல்ட்டேஜுக்கு விரெஃப் என்று பெயர். ஏ4988-க்கு அதன் கணக்கு இது: கரன்ட் × 8 × சென்ஸ் ரெசிஸ்டர் (கரன்ட்டை அளக்கும் ரெசிஸ்டர்). இந்த ரெசிஸ்டர்தான் பலகைக்குப் பலகை மாறுகிறது. சிப்புக்குப் பக்கத்தில் கறுப்பாக இரண்டு இருக்கும். மொபைல் கேமராவை ஜூம் செய்து பார்த்தால் ஆர்100, ஆர்068, ஆர்050 என்று ஏதாவது ஒன்று தெரியும், 0.1, 0.068, 0.05 ஓம் என்று அர்த்தம். 0.9 ஆம்பியர் வேண்டுமென்றால் ஆர்100 பலகையில் 0.72 வோல்ட் வைக்கணும். அதே 0.72-ஐ ஆர்050 பலகையில் வைத்தால் மோட்டாருக்கு 1.8 ஆம்பியர் போகும். வீடியோவில் ஒருவர் 0.36 என்று சொன்னதை ஆர்100 பலகையில் வைத்தால் 0.45 ஆம்பியர்தான் கிடைக்கும். கொஞ்சம் வேகம் கூட்டினாலே மோட்டார் எடுக்கவேண்டிய ஸ்டெப் (ஒவ்வொரு சிறு நகர்வு) விட்டுப்போகும். ரிச்சி தெருவில் ஒரே கடையில், ஒரே மாதிரி சிவப்புப் பலகையாக வாங்கினாலும் இந்த எண்ணைப் பார்க்காமல் திருகில் கை வைக்காதீர்கள். ரெசிஸ்டர் மதிப்பை பாக்கெட்டின் மேல் அச்சடித்தால் என்ன குறைந்துவிடும் என்ற கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அளக்கும் முறை சுலபம். மல்டிமீட்டரை 2 வோல்ட் டிசி ரேஞ்சில் வையுங்கள். கறுப்பு புரோப் கிரவுண்டில். சிவப்பு ஒயரை முதலைக் கிளிப்பால் திருப்புளியின் தண்டில் கவ்வ வையுங்கள். திருகின் தலையிலேயே விரெஃப் இருப்பதால், திருப்பத் திருப்ப மீட்டரில் எண் ஓடும். எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருப்பவேண்டாம். சில பலகைகளில் திருகுக்கு நிறுத்தமே இல்லை. உச்சத்தைத் தாண்டினால் சட்டென்று பூஜ்யத்துக்குப் போய்விடும். திருப்புளி வழுக்கிப் பக்கத்து சாலிடரில் உரசினால் டிரைவர் போச்சு. அதனால் தண்டுக்கு ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டு, நுனியையும் கிளிப் கவ்வும் இடத்தையும் மட்டும் வெளியே விடுங்கள். பவர் இருக்கும்போது மோட்டார் ஒயரைக் கழற்றுவதும் மாட்டுவதும் கூடவே கூடாது.

இன்னொன்று, பலருக்கும் தெரிவதில்லை. ஏ4988 பலகையில் விரெஃப் 5 வோல்ட் லாஜிக் சப்ளையிலிருந்தே பிரித்து எடுக்கப்படுகிறது. லேப்டாப் யுஎஸ்பியில் 4.7 வோல்ட் வந்தால் விரெஃப்பும் அதே விகிதத்தில் இறங்கும். நீங்கள் மெஷினை எப்படி ஓட்டுவீர்களோ அதே சப்ளையில் வைத்து அளங்கள். இதே இடத்தில் மாட்டக்கூடிய இன்னொரு டிரைவரான டிஆர்வி8825-இல் அப்படியில்லை; அதற்கு மோட்டார் சப்ளை வந்தால்தான் விரெஃப்பே வரும். கணக்கும் வேறு: ஆர்100 பலகையில் விரெஃப்பின் இரண்டு மடங்குதான் கரன்ட். அதன் திருகு எதிர்ப்பக்கம் இருக்கும். ஏ4988 இருந்த இடத்தில் திருகைப் பார்த்து மாட்டினால் தலைகீழாகிவிடும். எனேபிள் பின்னைப் பார்த்து மாட்டுங்கள்.

சப்ளை ஒயரில் அம்மீட்டர் போட்டு மோட்டார் கரன்ட்டைக் கண்டுபிடிக்கப் பார்க்கவேண்டாம். இது கரன்ட்டை வேகமாக வெட்டி வெட்டி அனுப்பும் சாப்பர் டிரைவர், சப்ளை கரன்ட்டும் காயில் கரன்ட்டும் ஒன்றல்ல. காயிலோடு தொடராக மீட்டர் போட்டு ஃபுல் ஸ்டெப்பில் அளந்தாலும் வைத்த அளவில் 70 சதவீதம்தான் காட்டும். அதைப் பார்த்துத் திருகைக் கூட்டிவிடாதீர்கள்.

இனி நம்ம ஊர் விஷயம். ஹீட் சிங்க் இல்லாமல் ஏ4988 ஓர் ஆம்பியர் அளவுக்குத்தான் தாங்கும் என்பது மிதமான சூட்டுக்குச் சொன்ன கணக்கு. அக்னி நட்சத்திரத்தில், ஏசி இல்லாத அறையில், அக்ரிலிக் பெட்டிக்குள் மூடிவைத்த பலகைக்கு அது பொருந்தாது. சிப் 165 டிகிரியைத் தொட்டால் தானே அணைந்து, கொஞ்சம் ஆறியதும் திரும்ப வரும். அந்த ஒரு நொடியில் மோட்டார் பிடியை விட்டு, ‘டக்’ என்று அடித்துவிட்டுத் தொடரும். எம்டிஎஃப் மர அட்டையில் வெட்டிக்கொண்டிருந்த எழுத்து அதிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். ஸ்டெப் போகிறதே என்று கரன்ட்டைக் கூட்டினால் இன்னும் சீக்கிரம் அணையும்! அடையாளம் இதுதான்: தொடங்கியவுடன் நன்றாக ஓடி, இருபது முப்பது நிமிடம் கழித்துக் கெட்டால் சூடு, முதல் வேகமெடுப்பிலேயே கெட்டால் கரன்ட் போதவில்லை, அல்லது ஆர்டுயினோவில் ஓடும் ஜிஆர்பிஎல் மென்பொருளில் ஆக்சிலரேஷன் அதிகம். மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்கின் திருகு தளர்ந்திருந்தாலும் இதே மாதிரிதான் தெரியும். முதலில் அதை முறுக்கிப் பாருங்கள்.

கூடவே வரும் ஹீட் சிங்க்கின் ஒட்டு டேப் சூட்டில் இளகி நகரும். நகர்ந்து பக்கத்து பின்னைத் தொட்டால் ஷார்ட். தெர்மல் க்ளூ போட்டு ஒட்டி, 40 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றைப் பக்கவாட்டில் வீச வைத்தால் கோடையிலும் தாக்குப்பிடிக்கிறது.

சரியான அளவுக்கு நான் கடைப்பிடிக்கும் வழி: 0.5 ஆம்பியரில் ஆரம்பித்து, உச்ச வேகத்தில் 100 மில்லிமீட்டர் தூரத்தை ஐம்பது முறை போய்வர விட்டு, டயல் கேஜில் பூஜ்யம் திரும்ப வருகிறதா என்று பார்ப்பது. வராவிட்டால் 0.05 ஆம்பியர் ஏற்றுவது. வந்ததும் அதற்கு மேல் கால் பங்கு சேர்த்து நிறுத்துவது. மேலும் கீழும் போகும் இசட் மட்டும், வெட்டும் கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் எடையைத் தூக்குவதால் சற்று கூடுதலாகக் கேட்கும். எக்ஸ், ஒய் இரண்டும் பெரும்பாலும் 0.8, 0.9 ஆம்பியரிலேயே நின்றுவிடும். இதில்தான் எனக்கு இந்த டிரைவர் மேல் உண்மையான மதிப்பு வந்தது. மோட்டாரில் எழுதியிருக்கும் 1.3-ஐத் துரத்தாமல் குறைத்து வைத்தபோது இரைச்சல் தணிந்தது, மோட்டாரைத் தொட்டுக்கொண்டிருக்க முடிந்தது, வளைவுகளின் ஓரம் சுத்தமாக வந்தது. இவ்வளவு சின்ன சிப் 24 வோல்ட்டில் மணிக்கணக்காக இந்த வேலையைச் செய்வது பெரிய விஷயம். பழுதானால் ஒன்றை மட்டும் பிடுங்கி மாற்றலாம், ஷீல்டைத் தொடவேண்டியதில்லை.

ஆனாலும் நண்பருக்கு என் பதில், வாங்காதீர்கள். அந்தத் திருகு திறந்த உலோகம். திருவான்மியூர் பக்கத்து உப்புக் காற்றும் எம்டிஎஃப் தூசும் சேர்ந்தால் தொட்டாலே எண் தாவுகிறது. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் மூன்றையும் திரும்ப அளக்கவேண்டியிருக்கிறது. ஜிஆர்பிஎல்லில் $1=255 (மோட்டாரை எப்போதும் பிடித்தே வைத்திருக்கும் அமைப்பு) வைத்தால் சும்மா நிற்கும்போதும் முழு கரன்ட், முழுச் சூடு; தானாகக் குறைக்கும் வசதி ஏ4988-இல் இல்லை. அதற்குப் பதில், தனிப் பெட்டியாக வரும் டிஎம்542 டிரைவரைப் பாருங்கள். அது இடத்தை அடைக்கும், ஒயரிங் வேலை கூடும், ஆனால் கரன்ட்டை மூன்று சின்ன சுவிட்சில் வைத்துவிடலாம், நான்காவது சுவிட்ச் நிற்கும்போது பாதியாக்கிவிடும். மைக்ரோ ஸ்டெப்பை (ஒரு சுற்றுக்கு எத்தனை ஸ்டெப் என்பதை) 3200-இல் வைத்தால், ஒரு சுற்றுக்கு 4 மில்லிமீட்டர் நகர்த்தும் லீட் ஸ்க்ரூவுக்கு ஜிஆர்பிஎல்லில் $100=800 (மில்லிமீட்டருக்கு 800 ஸ்டெப்) என்பதை மாற்றவே வேண்டாம். ஏற்கெனவே ஏ4988 வைத்திருப்பவர்கள் தூக்கிப்போடவேண்டாம். ஃபேன் போட்டு, மூன்று விரெஃப் எண்களையும் ரெசிஸ்டர் மதிப்பையும் பெட்டி மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதிவையுங்கள்.