மிடசோலமா, புரொபோஃபாலா? குழாய் விட்டுப் பார்த்த பிறகான பொழுதை வைத்து ஓர் ஒப்பீடு

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில், நான்கு பாவுகளுக்கான (பாவு என்றால் தறியில் ஏற்றும் நீளவாக்கு நூல்) நெசவுக் கூலியை மீட்டருக்கு 40 காசு குறைத்துக்கொள்ளச் சம்மதித்தேன். சம்மதித்த விஷயம் மறுநாள் காலையில்தான் எனக்கே தெரிந்தது. பாவு வந்து இறங்கியது, சீட்டில் புதுக் கூலி எழுதியிருந்தது. பாவு கொடுத்துக் கூலிக்கு நெய்து வாங்கும் ஜவுளிக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் நிதானமாக, "அண்ணா, நேற்று மூன்றரை மணிக்கு நீங்கள்தானே போனில் சரி என்றீர்கள்" என்றார். என் மனைவியும் ஆமாம் என்றாள். காரின் பின் இருக்கையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நூல் விலையெல்லாம் கேட்டு, ஒழுங்காகத்தான் பேசினேனாம்.

அன்று காலைதான் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியே குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் சோதனை, செய்திருந்தார்கள். அதற்குப் போட்ட மயக்க மருந்து மிடசோலம். இந்த ஆண்டு பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி செய்ய வேண்டி வந்தபோது வேறு இடத்துக்குப் போனேன், கேட்டு வாங்கியது புரொபோஃபால் என்ற இன்னொரு மயக்க மருந்து. சோமனூர்ப் பக்கம் வயிற்றுப் புண் இல்லாத தறிக்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதால், எது நல்லது என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். நான் மருத்துவன் அல்ல. இரண்டையும் உடம்பில் வாங்கியவன், அதன் பிறகு கொஞ்சம் படித்தவன், அவ்வளவே.

மயக்கமே இல்லாமல், தொண்டையை மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் ஸ்பிரே மட்டும் அடித்துக்கொண்டு முடிப்பது ஒரு வழி. என் மச்சான் அப்படித்தான் செய்துகொண்டு, மரப்பு போனதும் கருமத்தம்பட்டிக்குத் தானே பைக் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் தொண்டை வேறு, என் தொண்டை வேறு. பல் டாக்டரின் கண்ணாடி பட்டாலே எனக்குக் குமட்டும். வழக்கமான குழாய் 9 முதல் 10 மில்லிமீட்டர் தடிமன். மூக்கு வழியாக விடும் மெல்லிய குழாய் 5, 6 மில்லிமீட்டர்தான், அதற்குப் பெரும்பாலும் மயக்கம் தேவைப்படுவதில்லை. அது கிடைக்கிற இடமாக இருந்தால் விசாரித்துப் பாருங்கள்.

மிடசோலத்தைக் குறை சொல்வதற்கு முன் அதன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 1970களில் உருவாக்கப்பட்ட மருந்து, உலகம் முழுக்கப் பழகியது. பொதுவாக இரத்த அழுத்தத்தைத் தடாலென்று கீழே தள்ளாது. அளவு மீறினால் திருப்பி எடுக்க ஃப்ளூமசெனில் என்ற மாற்று மருந்து உண்டு. மாற்று மருந்தின் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடும், மிடசோலம் உள்ளே இருந்தபடியே இருக்கும் என்பதால், எழுந்தவர் மீண்டும் சொக்கிப்போவதும் நடக்கும். ஆனாலும் கையில் ஒரு கயிறு இருக்கிறது. புரொபோஃபாலுக்கு அந்தக் கயிறே கிடையாது.

அப்படியிருந்தும் நான் புரொபோஃபால் பக்கம்தான். எழுந்த பிறகு தலை எப்போது திரும்பி வருகிறது என்பது ஒன்றே எனக்குப் போதுமான காரணம்.

மிடசோலம் தூங்க வைப்பதோடு நிற்பதில்லை, ஊசி போட்ட பிறகு நடப்பதை மூளை பதிவு செய்யாமலும் பார்த்துக்கொள்கிறது. குழாய் உள்ளே இருக்கும்போது அது வரம். குமட்டியது, கண்ணீர் விட்டது எதுவும் நினைவில் இருக்காது. சோதனை முடிந்ததும் அந்த வரம் நின்றுவிட வேண்டும், நிற்பதில்லை. இரத்தத்தில் மருந்து பாதியாகக் குறையவே பொதுவாக ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் பிடிக்கும், வயதானவர்களுக்கு இன்னும் கூடும். இதில் ஆபத்து என்னவென்றால் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கண் திறந்திருக்கிறது, பேச்சில் குழறல் இல்லை, கேட்ட கேள்விக்குப் பதில் வருகிறது. எழுதுகிற பேனா ஓடிக்கொண்டே இருக்கிறது, உள்ளே மையில்லை. நான் நூல் விலை பேசியது அந்த நேரத்தில்தான். அன்று முழுக்க வண்டி ஓட்டக் கூடாது, முக்கியமான காகிதத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்று சீட்டில் அச்சடித்திருந்தார்கள். போனில் விலை பேசக் கூடாது என்று போடவில்லை. எங்கள் தொழிலில் கையெழுத்து எங்கே இருக்கிறது? எல்லாம் வாய்ச்சொல்தான். சொன்னதை மாற்றிப் பேசினால் அடுத்த பாவு வராது. நான்கையும் அந்தக் கூலிக்கே ஓட்டி இறக்கினேன்.

புரொபோஃபால் பார்க்கப் பால் மாதிரி இருக்கிறது. தண்ணீரில் கரையாத மருந்து என்பதால் சோயா எண்ணெயிலும் முட்டை மஞ்சள்கருவின் லெசித்தினிலும் கலக்கிக் கொடுக்கிறார்கள் (நாமக்கல்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்). கண்டுபிடிப்பில் முன்நின்ற இயன் கிளென் படித்தது கால்நடை மருத்துவம். காங்கேயம் மாடு வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செய்தி பிடிக்கும். முதலில் வேறொரு கரைப்பானில் கலந்தார்கள், அது ஒவ்வாமையை உண்டாக்கியது. எண்ணெய்க் கலவையாக மாற்றி 1986இல் விற்பனைக்கு வந்தது. 2018இல் கிளெனுக்கு மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது கிடைத்தது.

ஊசி ஏறும்போது கையில் சுள்ளென்று எரிந்தது. ஒரு நிமிடத்துக்குள் ஆளே இல்லை. மருந்தை நிறுத்தியதும் மூளையில் இருந்தது தசைக்கும் மற்ற இடங்களுக்கும் பரவிப்போகிறது, கல்லீரலும் வேகமாக அதை அழிக்கிறது. உடம்பை விட்டு முழுக்கப் போக நேரமாகும் என்றாலும் மூளையை விட்டு நிமிடங்களில் இறங்கிவிடுகிறது. கண் விழித்தபோது சுவரில் மணி பதினொன்று பத்து. செவிலியர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தேன், எல்லாம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. அவினாசி சாலையில் நீலாம்பூர் தாண்டும்போது நானும் மனைவியும் பேசிக்கொண்டதைக் கூடச் சொல்ல முடியும்.

இது என் ஒருவன் அனுபவம் மட்டுமல்ல. கொலனோஸ்கோப்பிக்கான மயக்கம் பற்றி 2008இல் வந்த, பல ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசிய காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, புரொபோஃபால் பெற்றவர்கள் சீக்கிரம் தெளிந்து சீக்கிரம் வீடு திரும்பினார்கள், திருப்தியும் அவர்களுக்கே கூடுதல், சிக்கல்களில் வேறுபாடு தெரியவில்லை என்று சொன்னது. ஆனாலும் என் ஒப்பீடு சுத்தமானது அல்ல. ஒன்று வாய் வழி, மற்றொன்று ஆசனவாய் வழி. மருத்துவமனையும் வேறு. முதல் தடவை மிடசோலம் எத்தனை மில்லிகிராம் போட்டார்கள் என்று நான் கேட்டு வைக்கவில்லை. புரொபோஃபாலுக்கும் அதே ஒரு நாள் எச்சரிக்கைச் சீட்டைத்தான் கொடுத்தார்கள். நானும் கைப்பேசியை மனைவியின் பையில் போட்டுவிட்டேன்.

செலவு கூடுதல்தான், மயக்க மருத்துவர் தனியாக வர வேண்டும். புரொபோஃபாலில் அரைத்தூக்கத்துக்கும் முழு மயக்கத்துக்கும் இடையே வரப்பு மிகக் குறுகியது. மூச்சு தணியலாம், இரத்த அழுத்தம் இறங்கலாம், மாற்று மருந்தும் இல்லை. ஆகவே என் மூச்சை மட்டுமே பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்க வேண்டும். ஜெர்மனி போன்ற நாடுகளில் பயிற்சி பெற்ற செவிலியர்களே இதைக் கொடுக்கிறார்கள். நான் மயக்க மருத்துவருக்குப் பணம் கொடுக்கவே விரும்புகிறேன். அந்தக் கட்டணம், 40 காசு வீதம் போனில் நான் விட்டதைவிடக் குறைவு.

ஆளுக்குப் பதில் இயந்திரத்தை நிறுத்தவும் பார்த்தார்கள். புரொபோஃபாலைத் தானே செலுத்தும் செடாசிஸ் என்ற கருவிக்கு 2013இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நோயாளியின் கையில் உள்ள பிடி அதிரும், காதில் ஒரு குரல் அழுத்தச் சொல்லும். அழுத்தாவிட்டால் மருந்து குறையும். நூல் அறுந்தால் தானே நிற்கிற தறியின் கணக்குத்தான். விற்பனை எடுபடவில்லை, 2016இல் கைவிட்டார்கள். தறி நின்ற பிறகு முடிச்சுப் போட ஆள் வேண்டும் என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

ஆராய்ச்சி இப்போது இரண்டு திசையில் போகிறது. ஒன்று, மூச்சைக் காப்பது. வெளிவிடும் கரியமில வாயுவை அளக்கும் கருவி, ஆக்சிஜன் குறைவதற்கு முன்பே மூச்சுத் தடையைக் காட்டிக்கொடுக்கிறது. மூக்கு வழியே அதிவேகமாக ஆக்சிஜன் செலுத்தும் முறையைச் சீனாவில் ஏறத்தாழ 2,000 பேரிடம் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். ஆக்சிஜன் குறைந்துபோனவர்கள் வழக்கமான முறையில் 8 சதவீதத்துக்குச் சற்று மேல், புதிய முறையில் ஒருவர்கூட இல்லை.

மற்றொன்று புதிய மருந்துகள். சிப்ரோஃபால் புரொபோஃபாலின் உறவு, 2020இல் சீனாவில் அனுமதி பெற்றது, ஊசி எரிச்சல் குறைவு. ரெமிமசோலம் மிடசோலத்தின் குடும்பம். அதே 2020இல் அமெரிக்காவில், 30 நிமிடத்துக்குள் முடியும் சோதனைகளுக்காக அனுமதித்தார்கள். உடம்பில் உள்ள எஸ்டரேஸ் நொதியே அதை வேகமாக உடைத்துவிடுகிறது, ஃப்ளூமசெனிலும் அதற்குக் கேட்கும். இரத்த அழுத்தத்தை புரொபோஃபால் அளவுக்கு இறக்குவதில்லை. கயிறும் இருக்கிறது, வேகமும் இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் என் கட்சியைத் தோற்கடிக்கக்கூடியது இதுதான். நான் போட்டுக்கொண்டதில்லை. மிடசோலத்தின் பங்காளி என்பதால் எனக்குக் கொஞ்சம் சந்தேகமும் உண்டு.

கடைசியாக ஒன்று. சர்க்கரைக்கோ எடைக்கோ வாரம் ஒருமுறை செமாக்ளூடைட் ஊசி போடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வயிறு காலியாவதை அது தாமதப்படுத்தும், பட்டினி இருந்தும் உள்ளே உணவு தங்கியிருக்கலாம். எந்த மயக்கத்திலும் அது நுரையீரலுக்கு ஏறினால் ஆபத்து.

போன மாதம் என் அம்மாவுக்கும் எண்டோஸ்கோப்பி. வயது 76, இதயமும் கொஞ்சம் பலவீனம். நான் புரொபோஃபால் பற்றிப் பேச ஆரம்பித்ததும் டாக்டர் கையமர்த்திவிட்டு, வயதானவர்களுக்குக் குமட்டல் குறைவு, ஸ்பிரே போதும் என்றார். ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு அம்மா தானே நடந்து வெளியே வந்தார். "காப்பி வாங்கு கண்ணு" என்றார். தொண்டை மரப்பு போகும்வரை தரக் கூடாது என்றேன். பஸ் ஏறும்வரை என்னோடு பேசவில்லை.